சாலசியில் சூசூ ஊறுகாய்: ஐந்து பேர், ஒரு அடுப்படி, பதிவு யார் பேரில்?

கேள்வி
காரைக்கால் மருமகள் (சாலசி, ரீயூனியன்)

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்காலில் பிறந்தவள் நான். கல்யாணமாகி பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. சேன் ஆந்த்ரேயில் கோயில் பக்கமாகக் குடியிருப்போம் என்று நினைத்து வந்தேன். வந்து பார்த்தால் வீட்டுக்காரரின் குடும்பம் இருப்பது மலைக்குள்ளே, சாலசியில். அதிலும் ஒரு 'இலே'. இலே என்றால் தீவு என்று பள்ளிக்கூட பிரெஞ்சில் படித்திருந்தேன். இங்கே அது மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் குக்கிராமம். பெரிய மழை பெய்தால் சாலையில் மண் சரிந்து, நிஜமாகவே தீவாகிவிடும்.

வீட்டைச் சுற்றிச் சூசூ பந்தல். நம்மூரில் சௌசௌ என்று விற்கிறார்களே, அதேதான். பெயர்கூட அவ்வளவாக மாறவில்லை. இங்கே காய், கொழுந்து, கிழங்கு மூன்றையும் சமைக்கிறார்கள். ஒரு காலத்தில் அந்தக் கொடியின் நாரை எடுத்துத் தொப்பியும் பின்னினார்களாம். மாமியாரிடம் அப்படி ஒன்று இன்னும் இருக்கிறது.

2025 பிப்ரவரி 28ஆம் தேதி கரான்ஸ் புயலில் எங்கள் பந்தல் மொத்தமும் படுத்துவிட்டது. கம்பி வாங்கி, கழி நட்டு, மறுபடி ஏற்றினோம். காய்க்க ஆரம்பித்ததும் இங்கே எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் காய்த்தது. விலை கிலோ ஒரு யூரோகூடத் தேறவில்லை. அறுத்து வண்டி ஏற்றும் கூலிக்கே சரியாய்ப் போனது. அப்போதுதான் மாமியார் செய்யும் அச்சார் என்ற ஊறுகாயைப் பாட்டிலில் போட ஆரம்பித்தோம். காயை மெல்லிசாகச் சீவி, உப்பில் பிழிந்து, வினிகர், மஞ்சள், இஞ்சி, மிளகாய் சேர்த்து எண்ணெயில் ஒரு புரட்டு. அதில் நான் எங்கம்மா கைப்பக்குவமாக வறுத்த வெந்தயம், கடுகுப் பொடி போட்டேன். மாமியார் முதலில் முகம் சுளித்தார். இப்போது அந்த வெந்தயம் இல்லாமல் அவரே செய்வதில்லை.

நாத்தனார், எதிர்வீட்டு அக்கா, மாமியாரின் சிநேகிதி, மாமியார், நான் என்று ஐந்து பேர். சனிக்கிழமை தோறும் என் அடுப்படியில் அறுபது பாட்டில் போடுகிறோம். சுற்றுலாக்காரர்கள் வரும் ஹெல்பூரில் ஒரு கடையும், விருந்தினர் தங்கும் ஒரு வீடும் எடுத்துக்கொள்கின்றன. பாட்டில் மூன்றரை யூரோவுக்குக் கொடுக்கிறோம், கடையில் ஐந்துக்கு விற்கிறார்கள். இப்போது கடைக்காரர், 'அடுத்த மாதத்திலிருந்து சிரேத் என்ற தொழில் பதிவு எண் இல்லாமல், பில் இல்லாமல் வாங்க முடியாது' என்று சொல்லிவிட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

சரி, உதவி கேட்போம் என்று ஒரு அலுவலகத்துக்குப் போனோம். மானிய விண்ணப்பம் என்று ஒரு கட்டுக் காகிதம் கொடுத்தார்கள். நிரப்பிக் கொடுத்து எட்டு மாதம் கழித்து, ஒரு தாள் குறைகிறது என்று கடிதம் வந்தது. அந்தத் தாள் முதல் நாளே கொடுத்த கட்டில் இருந்தது.

கேள்வி இதுதான். சங்கமாகப் பதிவு செய்வதா, என் பேரில் மைக்ரோ ஆன்த்ரெப்ரீஸ் என்ற தனியாள் சிறுதொழில் தொடங்குவதா? எதிர்வீட்டு அக்கா வாங்குவது எர்.எஸ்.ஆ., வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை. பேர் எங்காவது ஏறினால் அது நின்றுவிடும் என்று பயந்து, பாட்டிலைத் தொடவே யோசிக்கிறார்.


பதில் 1
சேன் பியேர் தம்பி

அக்கா, யோசிக்கவே வேண்டாம், 1901 சட்டப்படி அசோசியாசியோன், அதாவது சங்கம், போடுங்கள். இரண்டு பேர் இருந்தால் போதும், இணையத்திலேயே பதியலாம், செலவு கிடையாது. எங்கள் கால்பந்துக் குழுவுக்கு ஒரே மாலையில் விண்ணப்பித்து முடித்தோம். சிரேத் எண்ணும் கேட்டு வாங்கலாம். ஐந்து பேரும் உறுப்பினர்கள், சண்டை இல்லை.


பதில் 2
மஞ்சள் தோட்டத்துக்காரன் (சேன் ஜோசப் பக்கம்)

தம்பி சொன்னது பாதி சரி. மீதிப் பாதியில்தான் அக்காவின் கஞ்சி இருக்கிறது. அசோசியாசியோன் விற்கலாம், ஆனால் லாபத்தை உறுப்பினர்கள் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது. கால்பந்துக் குழுவுக்கு அது கவலை இல்லை. ஐந்து குடும்பத்துக்கு மளிகை வாங்க வேண்டிய பணத்துக்கு அது ஒத்துவராது.

என் பேரில் போடட்டுமா என்று கேட்கிறீர்கள் அம்மா. போட்டால் காகிதத்தில் நீங்கள் ஒருவர்தான். மற்ற நான்கு பேர் வாராவாரம் வந்து சீவினால், சோதனைக்கு வருகிறவர் கண்ணில் அது கணக்கில் காட்டாத கூலி வேலை. உறவு, சிநேகிதம் என்றெல்லாம் சொன்னால் காதில் ஏறாது. இன்னொன்று, மைக்ரோவில் சமூகப் பங்களிப்பு கட்டுவது லாபத்துக்கு அல்ல, விற்ற தொகைக்கு. பாட்டில், மூடி, எண்ணெய் எதையும் கழிக்க விடமாட்டார்கள். மூன்றரைக்குக் கொடுக்கிறேன் என்றீர்களே, அதில் உங்கள் பாட்டிலும் மூடியும் எவ்வளவு? எனக்கு இரண்டும் சேர்த்து ஒரு யூரோ பக்கம் வருகிறது, கப்பலில் வருகிற சரக்கு. எண்ணெய், வினிகர், காஸ், ஹெல்பூர் வரை வண்டி எல்லாம் போட்டுப் பாருங்கள். சீவுகிற கைக்கு மணிக்கு என்ன மிஞ்சுகிறது என்று ஒரு தாளில் எழுதிவிட்டு, அப்புறம் பதிவைப் பற்றிப் பேசலாம். மானிய விண்ணப்பத்தைவிட அந்த ஒரு தாள் முக்கியம் என்பேன்.

எனக்குத் தெரிந்து உங்களுக்குத் தோதானது இரண்டு வழி. ஒன்று, ஆளுக்கொரு தனிப் பதிவு. காய் விற்பவர் ஒருவர், அச்சார் போடுபவர் ஒருவர் என்று ஒருவருக்கொருவர் பில் போட்டுக்கொள்வது. காகிதம் கூடும், ஆனால் சுத்தம். இன்னொன்று, தொழில் கூட்டுறவு. 2014 சட்டத்தில் சொல்லியிருக்கும் அமைப்பு. அவர்களுடைய சிரேத் எண்ணில் நீங்கள் விற்கலாம், அவர்கள் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைச் சம்பளமாகத் தருவார்கள். சமையல் தொழில் என்றால் காப்புறுதியை நினைத்துச் சில இடங்களில் தயங்குவார்கள், முதலிலேயே கேட்டுவிடுங்கள். வியாபாரம் நிலைத்த பிறகு ஐந்து பேரும் சேர்ந்து சொந்தக் கூட்டுறவு போடலாம், ஆளுக்கு ஒரு ஓட்டு.

எதிர்வீட்டு அம்மாவிடம் சொல்லுங்கள், பேர் ஏறியதும் தொகை நின்றுவிடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை விற்பனையை அறிவிக்க வேண்டும். பொருள் விற்பனை என்றால் அதில் 71 சதவீதத்தைச் செலவு என்று கழித்துவிட்டுத்தான் வருமானம் பார்ப்பார்கள். 1,000 யூரோ விற்றால் 290 மட்டும் கணக்கு. மறைத்து மாட்டினால்தான் ஆபத்து.

மானியத்துக்கு வருவோம். கிராமங்களுக்கான ஐரோப்பிய 'லீடர்' பணம் நல்லதுதான், ஆனால் முதலில் நீங்கள் செலவு செய்து, பில்லைக் கொடுத்து, பிறகு வாங்கிக்கொள்ள வேண்டியது. கையில் காசு உள்ளவனுக்குத்தான் அது கைகொடுக்கும். நான் உலர்த்தும் இயந்திரம் வாங்கிவிட்டு, பணம் வருமுன் வட்டி கட்டியே மெலிந்தேன். சின்னத் தொகை தேவையென்றால் 'அதீ' சங்கத்தைப் பாருங்கள். வங்கி கதவைச் சாத்தியவர்களுக்குக் குறுங்கடன் கொடுப்பதற்காகவே 1989இல் தொடங்கியது, தீவிலும் இருக்கிறார்கள். கடனில் பாதிக்கு ஜாமீன் நிற்க ஆள் கேட்பார்கள்.

அடுப்படி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் எனக்குப் பயம். வீட்டுச் சமையலறையில் செய்யவே கூடாது என்று யாராவது மிரட்டுவார்கள். ஐரோப்பிய விதி 852/2004 அப்படிச் சொல்லவில்லை, நிபந்தனையோடு அனுமதிக்கிறது. தாஃப் என்ற விவசாய, உணவுத்துறை அலுவலகத்தில் அறிவித்துவிட்டு, சுத்தம், கை கழுவும் இடம், பூனை நாய் வராமல் கதவு, எந்த நாள் எந்தப் பாட்டில் என்று ஒரு நோட்டு, இதெல்லாம் வைத்திருங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என் மூன்றாவது வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நாற்பது பாட்டிலை வண்டியில் ஏற்றி வைத்தேன், மறுநாள் சேன் பியேர் சந்தைக்கு. விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால் புளித்த வாடை. பதினோரு மூடி உப்பிப் போய், இரண்டு திறந்தே கிடந்தன. இருக்கையெல்லாம் மஞ்சள், இன்றுவரை போகவில்லை. ரொம்பப் புளிக்கிறது என்று அந்த முறை வினிகரைக் குறைத்திருந்தேன், அவ்வளவுதான் செய்த தப்பு. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அமிலம் அளக்கிறேன். பி.எச். 4.6க்கு மேலே போனால் விஷக் கிருமி வளர இடமுண்டு, நான் 4.2க்குக் கீழேதான் விடுவேன். சோதனைத் தாளில் அளந்தால் மஞ்சளின் நிறம் ஏமாற்றும், மின்சார மீட்டர் வாங்குங்கள்.

லேபிளில் இரண்டு விஷயம். கடுகு ஐரோப்பாவில் ஒவ்வாமைப் பட்டியலில் உள்ள 14 பொருளில் ஒன்று, அந்தச் சொல் மற்ற எழுத்திலிருந்து தனியாகத் தெரிய வேண்டும். அப்புறம், இங்கே தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் மஞ்சளைத்தான் 'சஃப்ரான்' என்கிறோம். மஞ்சளுக்குப் பேர்போன ப்ளேன் தெ க்ரேக்கில் போய்க் கேட்டாலும் சஃப்ரான் என்று மஞ்சளைத்தான் காட்டுவார்கள். லேபிளில் அப்படி எழுதினால் பாரிசிலிருந்து வந்தவன் குங்குமப்பூவை எதிர்பார்ப்பான். 'குர்குமா' என்றே எழுதுங்கள்.


பதில் 3
காரைக்கால் மருமகள்

ஐயா, உங்கள் பதிலைக் கிரெயோலில் மாற்றி எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். 290 என்றதும் எதிர்வீட்டு அக்கா இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார். அப்புறம் போய்க் கத்தியை எடுத்துவந்து சீவ உட்கார்ந்துவிட்டார்.

கணக்குத் தாளும் எழுதினோம். பாட்டிலும் மூடியும் 95 சென்ட், உள்ளே போவது ஒரு யூரோ பத்து, வண்டியும் காஸும் சேர்த்து முப்பது. ஒரு யூரோ பதினைந்து மிஞ்சுகிறது. அறுபது பாட்டிலுக்கு 69 யூரோ, ஐந்து பேர், ஆளுக்கு ஆறு மணி நேரம். நாத்தனார் தாளை மடித்து மாமியாரின் சூசூ தொப்பிக்குள் ஒளித்து வைத்துவிட்டாள்.

விலையை ஏற்றலாமா? ஐந்துக்கு மேல் விற்கக் கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.


பதில் 4
ரோட்ரிக்ஸ் போய்வருபவள் (மொரிஷியஸ்)

தங்கச்சி, நான் பக்கத்துத் தீவு, உங்கள் சட்டம் தெரியாது. ஆனால் ஊறுகாய் வாங்கத் தெரியும்!

எங்கள் மொரிஷியஸைச் சேர்ந்த குட்டித் தீவு ரோட்ரிக்ஸ் பார்த்திருக்கிறீர்களா? அதன் தலைநகர் போர்ட் மாத்துரேனில் சனிக்கிழமைச் சந்தை. காலையில் சீக்கிரம் போக வேண்டும், வெயில் ஏறினால் கூட்டம் கலைந்துவிடும். குட்டி எலுமிச்சை ஊறுகாய், மிளகாய் ஊறுகாய், தேன், எல்லாம் பாட்டில் பாட்டிலாக வரிசை கட்டி நிற்கும். அதிலே நான் எதை வாங்குவேன் தெரியுமா? சின்ன பாட்டிலை. முன்பு ஒரு முறை ஆசைப்பட்டுப் பெரிய மிளகாய் ஊறுகாய் வாங்கி, கைப்பையில் வைத்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்றேன். ஊறுகாயும் திரவக் கணக்குதான், 100 மில்லிக்கு மேல் கையில் கொண்டுபோக முடியாது. திரும்பிப் போய்ப் பெட்டியில் போட்டேன். வீட்டுக்கு வந்து திறந்தால் என் மருமகனுக்கு வாங்கிய சட்டை முழுக்க எண்ணெய். அந்தச் சட்டையை இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

ஹெல்பூருக்கு வருகிறவர்கள் முக்கால்வாசி விமானம் ஏறப்போகிறவர்கள் இல்லையா? பெரிய பாட்டிலை ஊர்க்காரர்களுக்கு வையுங்கள், 90 கிராம் பாட்டில் ஒன்று அவர்களுக்கு. அதையே மூன்று யூரோ என்றால் ஒருவரும் பேரம் பேச மாட்டார்கள். பாட்டில் சிறுத்தால் காயும் எண்ணெயும் பாதிகூட ஆகாது, விலை மட்டும் பாதியாகாது. வியாபாரிகள் இதை வெட்கப்படாமல் செய்கிறார்கள், நாம்தான் வெட்கப்படுகிறோம்.

மூடியை மட்டும் நல்லதாகப் போடுங்கள், என் மருமகன் சட்டைக்காகவாவது.


பதில் 5
மஞ்சள் தோட்டத்துக்காரன்

மொரிஷியஸ் அம்மா சொன்னதுதான் சரி, நான் இத்தனை வருஷத்தில் சின்ன பாட்டிலை யோசிக்கவில்லை. ஒன்று மட்டும்: பாட்டில் மாறினால் கொதிநீரில் வைக்கும் நேரமும் மாறும், பழைய நேரத்தை அப்படியே போடாதீர்கள். அறுபது பாட்டிலுக்கு முப்பது மணி நேரம் என்றால் சீவுவதில்தான் நேரம் போகிறது. கையால் சுற்றும் காய் சீவும் இயந்திரம் ஒன்று வாங்குங்கள். அதற்கு மானியம் கேட்க வேண்டாம்.


பதில் 6
காரைக்கால் மருமகள்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தொழில் கூட்டுறவு ஒன்றில் பேசினோம். ஒரு சமையல் தொழிலை ஏற்கெனவே வைத்திருக்கிறார்களாம், அடுத்த செவ்வாய் வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமியார் மட்டும் சம்பளச் சீட்டெல்லாம் எனக்கு வேண்டாம் என்கிறார். அவர் காய் விற்கும் ஆளாக இருப்பார், பில் போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மீட்டரில் 3.9 காட்டியது. சீவும் இயந்திரம் வந்ததும் ஆறு மணி நேரம் மூன்றரையாகக் குறைந்தது. ஆனால் மாமியார், துண்டு தடிமனாக விழுகிறது என்று கால்வாசியைக் கையால்தான் சீவுகிறார்.

கடைக்காரரிடம் 90 கிராம் பாட்டில் ஒன்றை மாதிரிக்குக் காட்டினேன். கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, முதல் பில்லோடு சேர்த்து நாற்பத்தெட்டு கொண்டுவா என்றார். லேபிள் அச்சடித்து வந்துவிட்டது. குர்குமா என்று சரியாக இருக்கிறது, கடுகை மட்டும் தடித்த எழுத்தில் போடச் சொல்ல மறந்துவிட்டேன். இப்போது ராத்திரி பத்து மணி, ஐந்து பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாற்பத்தெட்டு லேபிளிலும் பேனாவால் அடிக்கோடு போட்டுக்கொண்டிருக்கிறோம்.