டோப்போஷீட் வாசிப்பும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும்: 11-ஆம் வகுப்புக்கு எப்படிச் சேர்த்து நடத்துவது?

வைகைக்கரை_ஆசிரியை:
மதுரைப் பக்கம் 11-ஆம் வகுப்புப் புவியியல் நடத்துகிறேன். சம உயரக் கோடு, முறைக்குறிகள், ஆறு இலக்க கிரிட் ரெஃபரன்ஸ் (கட்ட எண்களால் இடத்தைக் குறிப்பது) எல்லாம் பிள்ளைகள் தேர்வுக்குப் படித்துவிடுகிறார்கள். தெருவில் நின்று வரைபடத்தைப் பிடிக்கச் சொன்னால் திணறுகிறார்கள். பள்ளியைச் சுற்றியுள்ள பகுதியை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் (ஓஎஸ்எம், யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடம்) அவர்களையே வரையவைக்கலாம் என்றிருக்கிறேன். எங்கள் பகுதிக்கான பழைய 58 கே/1 டோப்போஷீட்டை (சர்வே ஆஃப் இந்தியாவின் நிலவரைபடத் தாள்) ஸ்கேன் செய்து அதன்மேல் வரையலாமா? விடுபட்ட பெயர்களை கூகுள் மேப்பைப் பார்த்து நிரப்பலாமா? எந்த எடிட்டர் வசதி?

நிலஅளவன்:
இரண்டும் வேண்டாம், மேடம். கூகுள் மேப்பிலிருந்து பெயரோ வடிவமோ எடுப்பது உரிம மீறல். தெரியவந்தால் ஓஎஸ்எம்-காரர்கள் அந்தத் திருத்தங்களை நீக்கிவிடுவார்கள். பெயர்களைத் தெருவில் உள்ள பலகையைப் பார்த்து எழுதட்டும்.

பழைய ஷீட்டில் உரிமத்தோடு இன்னொரு சிக்கலும் உண்டு. அது எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவ அளவீட்டை வைத்து வரைந்தது. ஓஎஸ்எம் டபிள்யூஜிஎஸ்84-இல் (ஜிபிஎஸ் பயன்படுத்தும் அளவீடு) இருக்கிறது. மாற்றாமல் அப்படியே பொருத்தினால் நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும். ஷீட்டை வாசிக்க மட்டும் பயன்படுத்துங்கள். அதற்கு சர்வே ஆஃப் இந்தியாவின் ஓப்பன் சீரிஸ் ஷீட் நல்லது. டபிள்யூஜிஎஸ்84-இலேயே இருக்கிறது, ஒரு கிலோமீட்டர் யூடிஎம் கட்டங்களும் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் முறை) உண்டு. 1:50,000-இல் ஒரு கட்டம் 2 செ.மீ.

மதுரைக்காரர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது: 78 பாகை கிழக்கு தீர்க்கக்கோடு யூடிஎம் 43, 44 மண்டலங்களின் எல்லை. மதுரை நகரம் 44-இல், திருமங்கலம் 43-இல். அதனால் திருமங்கலத்தில் கிழக்கு எண் (கிழக்கு-மேற்கு இருப்பிடத்தைச் சொல்லும் எண்) 8 லட்சம் மீட்டருக்கு மேலே, நகரத்தில் 2 லட்சத்துக்குக் கீழே வரும். மண்டல எண் எழுதாத கிரிட் ரெஃபரன்ஸை ஏற்காதீர்கள்.

கலுங்கு:
மேடம், வாசிப்பை முடித்துவிட்டு வரைதல் என்று பிரிக்காதீர்கள். வாசிக்கத் தெரியாமல் வரையவே முடியாத ஒன்றை முதலில் கொடுங்கள். வாய்க்காலும் கண்மாயும் அதற்குத் தோது.

ஓஎஸ்எம்-இல் வாய்க்கால் கோட்டுக்குத் திசை உண்டு. நீர் வரும் முனையில் தொடங்கி, போகும் முனையில் முடிக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் அந்தத் திசை தெரியாது. மலைப்பாங்கான இடமென்றால் ஓடையைக் கடக்கும் சம உயரக் கோடு கூராக வளைந்திருக்கும். கூர்முனை மேட்டுப் பக்கம் பார்க்கும். மதுரைச் சமவெளியில் 20 மீட்டர் இடைவெளிக் கோடுகள் மிகத் தள்ளித் தள்ளி வருவதால் இது மட்டும் போதாது. அங்கே கண்மாய்க் கரையை வாசிக்கச் சொல்லுங்கள். கரை எப்போதும் பள்ளத்துப் பக்கம். அதன் வளைவு வெளிப்புறமாக ஆயக்கட்டு (கண்மாய் நீர் பாயும்) வயல்களை நோக்கிப் புடைத்திருக்கும். கரையில்லாத திறந்த பக்கம் வரத்துக்கால் (நீர் வரும் வாய்க்கால்). மடையும் (பாசன நீர் திறக்கும் மதகு) கலுங்கும் (மிகுநீர் வழியும் இடம்) கரையில். இவ்வளவு தெரிந்தாலே மேல் கண்மாய் எது, அதன் மறுகால் (வழியும் மிகுநீர்) எந்தக் கீழ்க் கண்மாய்க்குப் போகிறது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

வழக்கமாக நடக்கும் தவறு: கோடையில் எடுத்த படத்தில் கண்மாய் காய்ந்து கருவேலக் காடாகத் தெரியும். பிள்ளைகள் அதைப் புதர் என்று வரைவார்கள், அல்லது நடுவில் தேங்கிய குட்டையை மட்டும் வரைவார்கள். கரையின் உள்ளோரம் பிடித்து, எதிர்ப்பக்கம் வயல் வரப்பு தொடங்கும் வரை முழு நீர்ப்பரப்பையும் வரைந்து, 'எப்போதும் நீர் இருக்காது' என்ற பண்பைச் சேர்க்க வேண்டும். காலி மனை போலக் காட்டும் வரைபடத்தால் கண்மாய்க்கு நன்மையில்லை.

கட்டம்_44:
எடிட்டர் கேட்டீர்கள். வகுப்புக்கு ஐடி (iD) என்ற ஓஎஸ்எம் எடிட்டர் போதும், உலாவியிலேயே ஓடும். பேருந்துத் தடம் போன்ற ரிலேஷன்களை (பல கோடுகளைச் சேர்த்த தொகுப்புகளை) தொடும்போது ஜோசம் (JOSM) என்ற எடிட்டரை எடுங்கள். ஐடியில் உள்ள பயிற்சியை எல்லாரும் முடிக்கட்டும், அதில் செய்வது எதுவும் வரைபடத்தில் சேராது. அதன் பிறகு சேமிப்பதெல்லாம் உலகம் பார்க்கும் வரைபடத்துக்கே நேரே போகும்.

களத்துக்கு ஆளுக்கொரு ஏ4 தாள். கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளில் 1:2,500 அளவை வைத்தால் 400 x 500 மீட்டர் பகுதி 16 x 20 செ.மீ.க்குள் அடங்கும். அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அளவை கெட்டுவிடும். அளவுக்கோட்டில் 250 மீட்டர் என்பது ஸ்கேலில் 10 செ.மீ. வருகிறதா என்று பாருங்கள்.

வரைவதற்கு முன் பின்னணிச் செயற்கைக்கோள் படம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். போனில் பதிந்த ஜிபிஎஸ் தடங்களை மேலே போட்டால் தெரியும். ஒரே தடத்தை நம்ப வேண்டாம், திறந்த வெளியிலேயே 5 மீட்டர் பிசகும். பல தடங்களும் ஒரே பக்கம் விலகியிருந்தால் மட்டும் படத்தை நகர்த்துங்கள். கட்டடத்தைக் கூரையை ஒட்டி வரையாமல் அடித்தளத்தில் வரைந்து, கியூ விசையை அழுத்தினால் மூலைகள் செங்கோணமாகும்.

வைகைக்கரை_ஆசிரியை:
நன்றி. பிள்ளைகள் வரையும் தெருக்கள் சந்திப்பில் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பார்க்க ஒட்டினாற்போலவே இருக்கிறதே.

கட்டம்_44:
சந்திப்புப் புள்ளியைப் பிடித்து இழுத்துப் பாருங்கள், இரண்டு தெருவும் கூடவே வந்தால் இணைந்திருக்கிறது. பார்த்ததும் கன்ட்ரோல்-இசட் அழுத்திப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். இணையாத சந்திப்பு வழியாக வழிகாட்டும் செயலி எதுவும் வண்டியை விடாது. சேமிக்கும் முன் ஐடி காட்டும் எச்சரிக்கைகளில் பெரும்பாலும் இதுவும் வரும், தாண்டிப் போகவிடாதீர்கள். சேமித்த பிறகு மாணவர்களின் திருத்தத் தொகுப்புகளை ஓஎஸ்எம்சாவில் (OSMCha, திருத்தங்களைச் சரிபார்க்கும் இணையதளம்) வரிசையாகப் பார்க்கலாம். அதற்கு ஒவ்வொருவரும் தனிக் கணக்கில் செய்திருக்க வேண்டும், குறிப்பில் வகுப்புக்கென ஒரே ஹேஷ்டேக் போட்டிருக்க வேண்டும்.