ஜூன் வெயிலில் கிராஃப்ட் பீர் விழா: கூட்டாளிகளோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள

ஈசூன்வாசி:

முதல் கோப்பை பாதிக்கு மேல் நுரையாக வந்தால் ஊற்றுகிற பிள்ளையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் காரணம் சூடுதான். பீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு குளிரில் அடங்கிக் கிடக்கும். கெக் (பீர் அடைத்த உலோகப் பீப்பாய்) 3, 4 டிகிரியில் இருக்கும்வரை சுமார் 12 பிஎஸ்ஐ அழுத்தத்தில் பீர் ஒழுங்காக இறங்கும். கெக் 10 டிகிரிக்கு ஏறிவிட்டால் அதே அழுத்தத்தில் வாயு பிரிந்துவரும், டேப்பைத் திறந்த உடனே நுரைதான். நம் சிங்கப்பூரின் ஜூன் பிற்பகலில் நிழலிலேயே 31, 32 டிகிரி. கெக்கைச் சுற்றி ஒரு ஈரச்சாக்கு மட்டும் போட்டிருக்கும் கடையில் மூன்று மணிக்கு மேல் நல்ல பீர் எதிர்பார்க்க முடியாது.

திறந்தவெளிக் கடைகளில் பெரும்பாலும் ஐஸ் பெட்டிதான் இருக்கும். தொழிலில் இருப்பவர்கள் ஜாக்கி பாக்ஸ் என்பார்கள். பெட்டிக்குள் நீளமான எஃகுச் சுருள்குழாய், அதைச் சுற்றி ஐஸ். பீர் அந்தக் குழாய் வழியாக ஓடி வரும்போது குளிர்கிறது. வெறும் ஐஸ்கட்டி போட்டால் போதாது. சுருளைத் தொட்ட ஐஸ் உருகி அங்கே ஒரு பொந்து விழுந்துவிடும், பிறகு குழாயைச் சுற்றிக் காற்றுதான் இருக்கும். ஐஸோடு தண்ணீரும் சேர்ந்து சுருள் முழுகி இருக்க வேண்டும், அவ்வப்போது கிளறியும் விட வேண்டும். வரிசையில் நிற்கும் முன் அந்தப் பெட்டியை ஒரு பார்வை பாருங்கள். முன்னால் நிற்பவருக்கு ஊற்றுவதையும் பாருங்கள். இரண்டு விரல் உயர நுரை சரியான அளவு. மூன்று கோப்பை வீணாக்கி நான்காவதை நிரப்புகிறார்கள் என்றால் அரை மணி கழித்து வரலாம்.

புதுக் கெக் மாட்டிய உடனே வரும் முதல் ஒன்றிரண்டு கோப்பைகளும் நுரைக்கும், அது கோளாறு இல்லை. காலையில் லாரியில் குலுங்கி வந்த கெக் அன்று முழுவதும் தொல்லை கொடுக்கும். முதல் நாளே கொண்டுவந்து குளிரில் நிறுத்திவைக்கிற கடைக்காரர்கள் தொழில் தெரிந்தவர்கள். 30 லிட்டர் கெக்கில் 150 மில்லி வீதம் கணக்குப்படி 200 கோப்பை வர வேண்டும். நுரையில் பத்தில் ஒரு பங்கு போனாலே 20 கோப்பை நட்டம், அதையும் நாம் கொடுக்கும் விலையில்தான் சேர்ப்பார்கள்.

ஜாலான் புசார் பக்கம்:

ஈசூன் அண்ணே சொன்னதோடு வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விழாக்களில் கொடுப்பது தெளிந்த பிளாஸ்டிக் கோப்பை. பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப் என்னும் பூ. அதன் கசப்புச் சத்தில் நேர் வெயில் பட்டால் கந்தகம் கலந்த ஒரு வேதிப்பொருள் உருவாகிறது. நாற்றம் பிடித்த விலங்கு ஒன்றின் பெயரால் ஆங்கிலத்தில் ஸ்கங்க் என்பார்கள். ஹாப் அதிகமுள்ள வெளிர் நிறப் பீரில் இது நிகழச் சில நிமிடங்களே போதும். புதிதாக ஊற்றிய பில்ஸ்னர் (வெளிர் நிற வகை) பாதிக் கோப்பைக்குள் வேறு பீர்போல வாடை அடித்தால் குற்றம் கடையில் இல்லை, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில். கூடாரத்துக்குள் போங்கள், அல்லது கையால் மறைத்து வையுங்கள்.

கோழி இறக்கையும் சத்தேயும் தின்ற எண்ணெய்க் கையோடு கோப்பையின் விளிம்பைத் தொட்டால் நுரை உடனே படுத்துவிடும். கொழுப்பு நுரைக்குப் பகை. லிப்ஸ்டிக்கும் அப்படித்தான். ஒரு சின்னப் பொட்டலம் டிஷ்யூ இருந்தால் போதும், நம் ஊரில் அது இல்லாமல் யாரும் வெளியே போவதில்லையே.

பொங்கோல் அக்கா:

நால்வராகப் போனால் ஆளுக்கொரு பைண்ட் வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பிரிட்டன் பைண்ட் 568 மில்லி, அமெரிக்க பைண்ட் 473. எதுவானாலும் இந்த வெயிலில் கடைசிக் கால்பங்கு சூடாகித்தான் வாய்க்கு வரும். கிடைக்கிற சிறிய அளவை வாங்குங்கள். பல கடைகளில் 100 முதல் 150 மில்லி வரை ருசிபார்க்கும் கோப்பை உண்டு.

முறை இதுதான். நான்கு பேரும் நான்கு வெவ்வேறு கடைக்குப் போய் ஆளுக்கு ஒரு 150 மில்லி வாங்கி வாருங்கள். கையோடு கொண்டுபோன சின்னக் காகிதக் கோப்பைகளில் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் நான்கு பீரிலும் 37 மில்லி அளவு கிடைக்கும். ருசி தெரிந்துகொள்ள அது போதும். மூன்று சுற்றில் 12 வகை பார்த்துவிடலாம், ஒருவர் குடித்தது மொத்தம் 450 மில்லி. சராசரி 6 விழுக்காடு என்றால் அதில் 27 மில்லி சாராயச்சத்து, எடையில் 21 கிராம். ஒரு அளவு பானம் என்பது 10 கிராம் என்று எடுத்துக்கொண்டால் இது இரண்டு அளவுதான். அதே மூன்று சுற்றை பைண்டாக வாங்கினால் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். பிரிக்கும்போது மெதுவாக, கோப்பையைச் சாய்த்து ஊற்றுங்கள், இல்லாவிட்டால் வாயு போய்விடும்.

வரிசை ரொம்ப முக்கியம். முதலில் பில்ஸ்னர், கோதுமை பீர், பிளாண்ட் ஏல். பிறகு பேல் ஏல், ஆம்பர். அதற்குப் பின் ஐபிஏ, அதாவது ஹாப் தூக்கலான கசப்பு வகை. கடைசியில் கருநிற ஸ்டவுட், போர்ட்டர், 8 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை. கூட்டத்தில் ஒருவர் ஆசையாக இரட்டை ஐபிஏவில் ஆரம்பித்துவிட்டால், அதன் கசப்பு நாக்கில் நின்று அடுத்த மூன்று பீரும் வெறும் தண்ணீராகத் தெரியும். புளிப்பு பீரை நடுவில் ஒன்று வைத்தால் வாய் கழுவினதுபோல் இருக்கும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 250 மில்லி தண்ணீர். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நம் ஈரப்பதத்தில் வியர்வை காயாது, எவ்வளவு நீர் போயிருக்கிறது என்பதே தெரியாது. தலைவலி என்று பலர் சொல்வதற்கு நீர் குறைவும் ஒரு காரணம். தண்ணீர் போத்தலை உள்ளே விடுகிறார்களா என்று டிக்கெட் நிபந்தனையில் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஈசூன்வாசி:

அக்கா சொன்ன வரிசையில் உள்ளூர்ப் பீருக்கு முதல் இடம் கொடுங்கள். இது ஊர்ப்பற்றுக்காகச் சொல்வதல்ல, ஹாப் மணம் நாள்பட்டால் மங்கும். 10 டிகிரி சூடு கூடினால் பீர் பழசாகும் வேகம் இரண்டு மூன்று மடங்காகிறது. கப்பலில் வாரக்கணக்கில் குளிரில்லாமல் வந்த ஐபிஏ, இங்கேயே காய்ச்சி இங்கேயே குளிரில் வைத்த ஐபிஏவுக்கு ஈடாகாது. 1997ல் ரிவர்சைட் பாயிண்டில் தொடங்கிய புரூவர்க்ஸ் முதல் இன்றைய சின்னக் காய்ச்சுகூடங்கள் வரை நமக்குத் தேர்வு நிறைய இருக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் நியூவாட்டரில் காய்ச்சிய நியூபுரூ பீர், புரூவர்க்ஸும் பொதுப் பயனீட்டுக் கழகமும் சேர்ந்து 2018ல் முதலில் கொண்டுவந்தது. கழிவுநீர் என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று: காய்ச்சுகிறவருக்கு நியூவாட்டர் வசதியான தண்ணீர். தாதுக்கள் ஏறக்குறைய நீக்கப்பட்டிருப்பதால் வேண்டிய உப்பை வேண்டிய அளவில் சேர்த்துக்கொள்ளலாம். ரெட்டாட் என்ற உள்ளூர்க் காய்ச்சுகூடத்தின் பச்சை லாகர் பீரில் நிறம் கொடுப்பது ஸ்பிருலினா பாசி, சாயம் அல்ல.

கெட்டுப்போன பீரை அடையாளம் காண நான்கு வாடை தெரிந்தால் போதும். பாப்கார்ன் வெண்ணெய் வாடையோடு லேசான புளிப்பும் இருந்தால் குழாய் சுத்தமில்லை. பீர் குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் காற்றுப்பட்டுப் பழசாகிவிட்டது. பச்சை ஆப்பிள் வாடை, முழுதாக நொதிக்கும் முன்பே கெக்கில் அடைத்ததால் வந்திருக்கும். வேகவைத்த சோளம்போல் இருந்தால் கொதிக்கவைத்த நேரம் போதவில்லை என்று சந்தேகப்படலாம். ஆனால் ஜெர்மன் கோதுமைப் பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணந்தால் திருப்பிக் கொடுக்காதீர்கள், அந்த ஈஸ்ட்டின் இயல்பே அதுதான். சந்தேகம் என்றால் பாதி குடித்துவிட்டுச் சொல்லாமல் முதல் மடக்கிலேயே, "இந்த டேப் ஒருமுறை ருசி பார்க்கிறீர்களா?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் தானும் ஊற்றிப் பார்ப்பார்.

தேக்கா முனை:

சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. காரமான மட்டன் சுக்காவோடு கசப்பு ஐபிஏ குடித்தால் காரம் தணியாது, ஏறும். கசப்பும் வாயுவும் எரிகிற நாக்கை மேலும் குத்தும். காரத்துக்குக் கோதுமை பீர், அல்லது கொஞ்சம் இனிப்பு நிற்கும் ஆம்பர். மீன்தலைக் கறிக்கும் அதுவே. முறுக்கு, ஓமப்பொடிக்குப் பில்ஸ்னர். சத்தேயின் கரிந்த ஓரத்துக்கும் கடலைச் சாந்துக்கும் பிரௌன் ஏல் மாதிரி பொருந்துவது வேறில்லை, வறுத்த மால்ட்டும் (பீர் காய்ச்சும் முளைகட்டிய தானியம்) சுட்ட இறைச்சியும் ஒரே குடும்பத்து மணம். ஸ்டவுட்டுக்கு பாதுஷா ஒரு துண்டு கடித்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள், போகும் முன்பே ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டுவிடுங்கள்.

வீடு திரும்பும் விதிகள். 2015 ஏப்ரல் 1 முதல் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது, கடைகள் எடுத்துச்செல்ல விற்கவும் கூடாது. குடித்தால் 1,000 வெள்ளி வரை அபராதம். விழா வளாகத்துக்கு உரிமம் இருக்கும், வாசலைத் தாண்டினால் அது செல்லாது. மீதிக் கோப்பையோடு வெளியே நடக்காதீர்கள். நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று: விழா முடிந்து "தேக்காவில் ஒரு சுற்று" என்று கேனோடு வருவது. தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவும், கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். அங்கே சனி காலை 7 முதல் திங்கள் காலை 7 வரை, பகல் நேரத்திலும் வெளியிடத்தில் குடிக்கக் கூடாது. பொது விடுமுறைக்கு முந்தைய இரவு 7 மணியிலிருந்தும் அப்படியே. உரிமம் உள்ள கடைக்குள் உட்கார்ந்தால் பிரச்சினை இல்லை. எம்ஆர்டி ரயிலில் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

காரை வீட்டிலேயே விடுங்கள். சட்ட வரம்பு 100 மில்லி மூச்சுக்காற்றில் 35 மைக்ரோகிராம். ஒரு அளவு பானம் கரைய ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று வைத்தாலும், இரவு 11 வரை நிறையக் குடித்தவர் காலை 6 மணி வேலைக்கு வண்டி எடுப்பது ஆபத்து. 18 வயது நிரம்பாதவர்களுக்கு விற்பனை இல்லை, ஆகவே அடையாள அட்டையோ சிங்பாஸ் செயலியோ கையில் இருக்கட்டும். கிராப் வாடகைக் கார் விலை விழா முடியும் நேரத்தில் ஏறும், கடைசி ரயிலுக்கு அரை மணி முன்பே கிளம்புங்கள்.

ஜாலான் புசார் பக்கம்:

8 விழுக்காட்டு பீர் ஏன் இத்தனை விலை என்று கேட்பவர்களுக்கு: இங்கே பீருக்குக் கலால் வரி ஒரு லிட்டர் சாராயச்சத்துக்கு 60 வெள்ளி. 150 மில்லிக் கோப்பையில் 5 விழுக்காடு என்றால் 45 காசு, 8 என்றால் 72 காசு. அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி. கடைக்காரரிடம் பேரம் பேசிப் பயனில்லை. டோக்கன் முறை என்றால் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள், மிச்சத்தைத் திருப்பித் தராத விழாக்கள் உண்டு. ஒருவர் மொத்தமாக வாங்கி மற்றவர்கள் தங்கள் பங்குப் பணத்தை அன்றே கைப்பேசியில் பேநௌ வழியாக அனுப்பிவிட்டால் கூட்டாளித்தனம் கெடாது.

பொங்கோல் அக்கா:

மழை? ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்திராப் புயல்காற்று விடியலிலோ முற்பகலிலோ அடித்துவிட்டுப் போகும், பிற்பகல் இடிமழை தனி. மின்னல் எச்சரிக்கை வந்தால் டேப்பை மூடுவார்கள், உலோகக் கூடாரக் கம்பத்தில் சாயாமல் கட்டடத்துக்குள் போங்கள். செருப்பைவிடச் சப்பாத்து நல்லது, புல் சேறாகிவிடும்.

வீட்டுக்குக் கேன் வாங்கினால் அடியில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். ஐபிஏவுக்கு மூன்று மாதத்துக்குள் இருந்தால் வாங்கலாம், ஸ்டவுட்டுக்கு அவசரமில்லை. குளிர்ப்பையில் ஐஸ்கட்டியோடு கொண்டுபோய் உடனே குளிர்பெட்டியில் நிமிர்த்தி வையுங்கள். மங்கலான வகைகளில் ஈஸ்ட் அடியில் படியும். குடிக்கும் முன் கேனை ஒருமுறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்திவிட்டு ஊற்றுங்கள், குலுக்காதீர்கள்.