வாந்தி, பேதி வீடு முழுக்கப் பரவியபோது: அனுபவப் பகிர்வு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

இது 2024-இல் நடந்தது. பொள்ளாச்சியில் ஒரு காதுகுத்துக்குப் போய் வந்த மறுநாள் ராத்திரி, என் நாலு வயது மகன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். விடிவதற்குள் ஏழெட்டுத் தடவை. பேதியும் சேர்ந்துகொண்டது. தாகத்தில் அழுகிறானே என்று ஒரு டம்ளர் தண்ணீரை முழுசாகக் கொடுத்தேன். அத்தனையும் வெளியே வந்துவிட்டது. காலையில் கடையில் ஓஆர்எஸ் (வாந்தி, பேதியில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) கேட்டதற்குப் பழப்படம் போட்ட அட்டைப்பெட்டி பானத்தைத் தந்தார்கள். அதைக் குடித்தபின் பேதி இன்னும் தண்ணீராகப் போனது.

எங்கள் வார்டில் வீடு வீடாக வரும் சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சிதான் வந்து ஓஆர்எஸ் பொடி பாக்கெட் கொடுத்தார். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரைக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குப் பிறகு மீதியைக் கொட்டிவிட வேண்டும். "வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறு மோளே, அப்புறம் ஒரு ஸ்பூன். ரெண்டு நிமிஷம் கழிச்சு இன்னொரு ஸ்பூன்" என்றார். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தேன். கை வலித்தால் அத்தை வாங்கிக்கொள்வார். மத்தியானத்துக்குள் இரண்டு டம்ளர் உள்ளே போய் நின்றது. நாலு மணிக்கு அவன் மூத்திரம் போனபோது நானும் அத்தையும் அழுதுவிட்டோம்.

குடலில் சர்க்கரை உப்பைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும், பின்னாலேயே தண்ணீரும் போகும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். சர்க்கரை அளவு மிஞ்சினால் உடம்பிலிருக்கும் தண்ணீரைக் குடல் தன் பக்கம் இழுத்துவிடுமாம். 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். 2025 அக்டோபரில், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களுக்கு ஓஆர்எஸ் என்ற பெயரே கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது அன்றைய காலைதான் ஞாபகம் வந்தது.

பிள்ளை அழுதும் கண்ணீர் வராவிட்டால், கண் குழிந்துபோனால், ஆறு மணி நேரமாக மூத்திரம் இல்லாவிட்டால், கூப்பிட்டும் சோர்ந்தே கிடந்தால் ஸ்பூனை நம்பி உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

குமுளியிலிருந்து:

எங்கள் வீட்டில் முதலில் மகள், ஒன்றரை நாளில் நான், அப்புறம் மாமியார். சானிடைசர் போட்டால் போதும் என்று இருந்துவிட்டோம். இப்படி வாந்தி, பேதியைப் பரப்பும் நோரோ வைரஸ் அதற்குச் சரியாக அடங்காது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும். வாந்தி பட்ட தரையை பிளீச்சிங் பவுடர் கரைசல் போட்டுத் துடைத்தோம். எல்லாம் நின்ற பிறகும் இரண்டு நாள் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, நானும் அடுப்படிப் பக்கம் போகவில்லை. இன்னொன்று: பதிமுகம் (தண்ணீரைச் சிவப்பாக்கும் மரப்பட்டை) போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரில், சூடு தணியட்டும் என்று பச்சைத் தண்ணீரைக் கலக்கும் பழக்கம் இந்தப் பக்கம் நிறைய உண்டு. அப்படிச் செய்தால் காய்ச்சியதற்கே அர்த்தமில்லை.

வேலந்தாவளத்திலிருந்து:

அப்பாவுக்கு எழுபது வயது, பிரஷர் உண்டு. உப்பு ஆகாது என்று ஓஆர்எஸ்ஸைத் தொடவே மறுத்தார். எழுந்து நின்றதும் தலைசுற்றி விழப் பார்த்தார். உடம்பை விட்டுப் போன உப்பைத்தான் திரும்பக் கொடுக்கிறோம் என்று டாக்டர் சொன்ன பிறகே குடித்தார். நீர் பிரியும் மாத்திரையைப் பேதி நிற்கும்வரை நிறுத்திவைக்கச் சொன்னதும் டாக்டர்தான், நாங்களாக நிறுத்தவில்லை. இடையிடையே உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கொடுத்தோம். அதை மட்டும் கேட்டு வாங்கிக் குடித்தார்.