மறுபடி கட்டிய எம்ஜிஏ என்ஜின் ஏற்காட்டு மலையில் 13-வது வளைவில் நின்றுவிடுகிறது. திரும்பப் பிரிக்க வேண்டுமா?

கன்னங்குறிச்சி ஷெட் (சனி, இரவு)

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்தவர். அவர் ஓட்டிய 1957-ம் ஆண்டு எம்ஜிஏ 1500 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், இருபது ஆண்டுக்கு மேல் தோட்டத்துக் கொட்டகையில் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. இரண்டு ஆண்டுக்கு முன் லாரியில் ஏற்றிக் கன்னங்குறிச்சி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லேத் வேலைகளை மட்டும் வெளியே கொடுத்துவிட்டு, என்ஜினை வீட்டு ஷெட்டிலேயே நானே பிரித்துக் கட்டினேன்.

செய்த வேலைகள்: பிளாக்கைப் போர் செய்து நாற்பது சைஸ் (அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு பெரிய) பிஸ்டன் போட்டேன். 1489 சி.சி. இப்போது 1531 ஆகியிருக்கிறது. கிராங்கை இருபது சைஸுக்கு (ஆயிரத்தில் இருபது பங்கு அங்குலம் குறைத்து) கிரைண்டிங் செய்து புது பேரிங் போட்டாயிற்று. ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000-த்தோடு நின்றுவிட்டதால், எக்ஸாஸ்ட் வால்வுகளுக்குக் கடினமான சீட் வைத்தேன். ஹெட்டைக் கொஞ்சம் சீவியிருக்கிறேன். பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரட்டை எஸ்யூ கம்பெனி கார்புரேட்டர்களுக்குப் புது ஜெட், புது ஊசி. என் ஆசைக்காகச் செய்த ஒரே மாற்றம் எக்ஸாஸ்ட். பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, மூன்று தனிக்குழாய்கள் கொண்ட ஹெட்டரை ஒரு பட்டறையில் வளைத்து வாங்கினேன்.

ஓமலூர் சாலையில் 300 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். தங்கம் போல ஓடுகிறது. மலையில்தான் சிக்கல். அடிவாரம் தாண்டி ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு வரை குறையில்லை. அதற்கு மேல் திணறல் தொடங்குகிறது, 13-வது வளைவில் நின்றுவிடுகிறது. மூன்று முறையும் ஏறக்குறைய அதே இடம். வெப்பமானி 90 டிகிரியைத் தாண்டவில்லை. ஆயில் பிரஷர் சூட்டிலும் 50 பவுண்டு காட்டுகிறது. இருபது நிமிடம் நிறுத்திவைத்தால் எதுவுமே நடக்காதது போலக் கிளம்புகிறது. விடியற்காலை ஐந்தரைக்கு ஏறியபோது மட்டும் 17-வது வளைவு வரை போனது. திணறும்போது சோக்கை இழுத்தால் சற்றுத் தேறுகிறது.

பிஸ்டன் இறுகிப் பிடிக்கிறதோ என்று பயமாக இருக்கிறது. திரும்பப் பிரிக்க வேண்டுமா? பாட்டிக்கு 84 வயது. அந்தக் கார் யாரும் தள்ளாமல், எதிலும் ஏற்றாமல் தோட்டத்து வாசலில் வந்து நிற்பதை அவர் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

அஸ்தம்பட்டி எலக்ட்ரிக்கல் (சனி, இரவு)

தம்பி, சூடானால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில்தான், அடுத்தது கண்டென்சர். காயிலுக்குள் சுற்றியிருக்கும் கம்பியின் இன்சுலேஷன் பழசாகிவிட்டால் சூட்டில் கசியும், ஆறியதும் சரியாகிவிடும். கண்டென்சரும் இதே குணம்தான், பாயிண்ட்டில் பொறி பறந்து முகம் கருகியிருக்கும். நின்ற உடனே ஒரு பிளக்கைக் கழற்றி, பெட்ரோல் வாடை இல்லாத இடமாகப் பார்த்து, என்ஜின் உடலில் தொடவைத்துப் பொறியைப் பாருங்கள். நீலமாகச் சடக்கென்று பாய்ந்தால் மின்சாரம் சரி. மஞ்சளாக, மெலிந்து வந்தால் காயிலை மாற்றுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை லேத் (ஞாயிறு, காலை)

பிரிக்காதீர்கள் தம்பி. நாற்பது ஆண்டாக இந்த வகை என்ஜின்களுக்குப் போர் அடித்துக் கொடுத்தவன் சொல்கிறேன். நம் அம்பாசிடரில் வந்த 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினும் உங்கள் எம்ஜிஏ என்ஜினும் ஒரே பி-சீரிஸ் குடும்பம். அங்கே ஒற்றைக் கார்புரேட்டர், இங்கே இரட்டை. கம்ப்ரஷனும் இங்கே கூடுதல். ஆனால் எலும்புக்கூடு ஒன்றுதான்.

பிஸ்டன் பிடித்தால் திணறல் இப்படி வராது. முதலில் இழுவை கனக்கும், பிறகு கீச்சென்ற ஒலியோடு நிற்கும், ஸ்டார்ட்டர் கிராங்கைச் சுற்றத் தடுமாறும். சோக்கை இழுத்தால் அது தேறவே தேறாது. சூட்டிலும் 50 பவுண்டு நிற்கிறது என்றால் பேரிங்கும் பிழையில்லை. மனதைத் தேற்றிக்கொள்ள கம்ப்ரஷனை மட்டும் பாருங்கள்: என்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடிக்க வேண்டும். நான்கும் ஒத்துவந்தால் ஹெட்டுக்குக் கீழே கையே வைக்காதீர்கள்.

ஒரு வருத்தம். 300 கிலோமீட்டரில் மலையேற்றம் சீக்கிரம். ரிங் போருக்குள் உட்கார இன்னும் ஓட்டம் வேண்டும். 500 ஆனதும் ஆறிய என்ஜினில் ஹெட் நட்டுகளை 50 பவுண்டு-அடிக்கு மறுபடி இறுக்குங்கள். பிறகு சூடாக்கி டேப்பெட்டை (வால்வுத் தண்டுக்கு மேல் விடும் இடைவெளி) 0.017 அங்குலத்துக்கு வையுங்கள். இந்த என்ஜினுக்கு அது சூட்டில் வைக்கும் அளவு. அம்பாசிடர் பழக்கத்தில் யாராவது வேறு அளவு சொன்னால் கேட்காதீர்கள்.

கன்னங்குறிச்சி ஷெட் (ஞாயிறு, மாலை)

ஐயா, பார்த்துவிட்டேன். 165, 160, 165, 165 பவுண்டு. படித்துப் பார்த்ததும் மனதில் இருந்த பாதிப் பாரம் இறங்கிவிட்டது. நன்றி.

மேல் தோட்டம், ஏற்காடு (ஞாயிறு, இரவு)

முப்பது ஆண்டாகக் கார்புரேட்டர் ஜீப்பை இந்த இருபது வளைவுகளிலும் ஏற்றி இறக்குகிறேன். உங்கள் எழுத்தில் இரண்டு வரிகளில் விடை இருக்கிறது: சோக்கை இழுத்தால் தேறுகிறது, விடியற்காலையில் அதிக தூரம் போகிறது.

எஸ்யூவில் சோக்கை இழுத்தால் ஜெட் கீழிறங்கும், பெட்ரோல் கூடும். காயில் கெட்டிருந்தால் பெட்ரோலைக் கூட்டிப் பயனில்லை. ஆகவே என்ஜின் பெட்ரோலுக்குத்தான் ஏங்குகிறது. விடியற்காலைக் குளிரில் ஏங்குவது தள்ளிப்போகிறது. ஆகவே பெட்ரோல் குறைவதற்குக் காரணம் சூடு.

பி-சீரிஸ் ஹெட்டில் பெட்ரோல் உள்ளே போகும் பக்கமும் புகை வெளியே வரும் பக்கமும் ஒன்றே. கார்புரேட்டர்கள் எக்ஸாஸ்டுக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கும். கம்பெனி அதனால்தான் இடையில் ஒரு தகட்டுத் தடுப்பும், கார்புரேட்டருக்கும் இன்டேக்குக்கும் நடுவே சூடு கடத்தாத கட்டையும் வைத்தது. ஹெட்டர் போட்டபோது அவை இரண்டும் திரும்பப் பொருத்தப்பட்டனவா?

ஓமலூர் சாலையில் காற்று வீசி எல்லாவற்றையும் ஆற்றிவிடும். மலையில் இரண்டாவது கியரில், 25 கிலோமீட்டர் வேகத்தில், முழு இழுவையில் ஏறுகிறீர்கள். சூடு அதிகம், காற்றோ குறைவு. உயரம் வேறு சேர்ந்துகொள்கிறது. ஏறக்குறைய 1500 மீட்டரில் இருக்கும் எங்கள் ஊரில் தண்ணீரே 95 டிகிரியில் கொதித்துவிடும், பெட்ரோலும் அப்படியே முந்திக்கொள்ளும். போதாததற்கு இப்போது பங்கில் வருவது எத்தனால் கலந்த பெட்ரோல். தனி எத்தனாலே 78 டிகிரியில் கொதிக்கும். பெட்ரோலோடு சேர்ந்தால் அதற்கும் கீழேயே ஆவியாகும்.

அடுத்த முறை நின்றதும் இதைச் செய்யுங்கள். சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுங்கள். தீயணைப்புக் குப்பி கையில் இருக்கட்டும். மிதவை அறையின் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணம்) மூடியைத் தயவுசெய்து திறக்காதீர்கள். கொதிக்கும் பெட்ரோல் ஹெட்டர் மேல் சிந்தினால் கார் போய்விடும், நீங்களும் தப்ப மாட்டீர்கள். காதை மட்டும் கிட்டக் கொண்டுபோங்கள். பிறகு இரண்டு மிதவை அறைகள் மீதும் ஈரத்துணி போர்த்துங்கள். ஐந்து நிமிடத்தில் கிளம்பினால் தீர்ப்பு கிடைத்துவிட்டது. சாவியைத் திருப்பும்போது பின்னால் இருக்கும் பெட்ரோல் பம்ப்பையும் கவனியுங்கள். அறைகள் நிறைந்திருந்தால் நாலைந்து முறை தட்டிவிட்டு ஓயும். காலியாக இருந்தால் விடாமல் தட்டும்.

கன்னங்குறிச்சி ஷெட் (ஞாயிறு, இரவு)

தகடும் இல்லை, கட்டையும் இல்லை அண்ணா. ஹெட்டருக்குத் தகடு இடித்தது. "இது இல்லாமலே ஓடும்" என்று பட்டறையில் சொன்னார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். கட்டையை எடுத்தது நான்தான், பழையது விரிசல் விட்டிருந்தது. ஹெட்டர் குழாய்க்கும் மிதவை அறைக்கும் நடுவே இரண்டு விரல் இடம்தான் இருக்கிறது.

கன்னங்குறிச்சி ஷெட் (வியாழன், மதியம்)

இன்று மலைக்குப் போய் வந்தேன். 12-வது வளைவு தாண்டியதும் நின்றது. ஓரம் கட்டி, கல் முட்டுக்கொடுத்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். முதலில் பிளக்: பொறி நல்ல நீலம். பிறகு குனிந்து காது கொடுத்தேன். முன் கார்புரேட்டரின் அறைக்குள் அரிசி உலை கொதிப்பது போலக் களகளவென்ற ஒலி தெளிவாகக் கேட்டது! என்ஜின் நின்று இரண்டு நிமிடம் ஆகியும் அது அடங்கவில்லை. பின் கார்புரேட்டரில் ஒலியே இல்லை. அது முற்றிலும் வற்றிவிட்டது என்று நினைக்கிறேன்.

குடத்துத் தண்ணீரில் துண்டை நனைத்துப் போர்த்தினேன். ஆவி எழுந்தது. மூன்றாவது முறை நனைத்துப் போட்டபோது களகளப்பு நின்றது. சாவியைத் திருப்பினேன், பம்ப் இருபது தடவைக்கு மேல் தட்டியது. பிறகு மெல்ல ஓய்ந்தது. ஒரே சுற்றில் என்ஜின் கிளம்பிவிட்டது. மேலே போகாமல் திரும்பிவிட்டேன்.

அஸ்தம்பட்டி எலக்ட்ரிக்கல் (வியாழன், மாலை)

பொறி நீலம் என்றால் என் சந்தேகம் தீர்ந்தது. நான் காயிலை மாற்றச் சொல்லி, நீங்கள் பணத்தைச் செலவழிக்கும் முன் உண்மை தெரிந்ததில் மகிழ்ச்சி.

மேல் தோட்டம், ஏற்காடு (வியாழன், இரவு)

இனி வேலை எளிது. கட்டை முதலில்: பேக்லைட்டில் கால் அங்குல கனத்துக்கு வெட்டுங்கள். துளை கார்புரேட்டரின் வாயோடு சரியாகப் பொருந்த வேண்டும். இரு பக்கமும் புது கேஸ்கெட். ஸ்டட் நீளம் போதாவிட்டால் நீளமானது மாற்றுங்கள், நட்டு பாதி மரையில் நிற்கக் கூடாது.

தகடு: அலுமினியம் வேண்டாம், ஸ்டெயின்லெஸ் போடுங்கள். அது சூட்டை அவ்வளவு எளிதில் கடத்தாது, அதன் பளபளப்பு சூட்டைத் திருப்பியும் அனுப்பும். உருக்காலை இருக்கும் ஊரில் ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கா பஞ்சம்? இரண்டு தகடுகளை நடுவே விரல் இடைவெளி விட்டு இணைத்தால் அந்தக் காற்றே இன்னொரு தடுப்பு. பழைய தகட்டின் பின்னால் அஸ்பெஸ்டாஸ் ஒட்டியிருந்தால் அதைச் சுரண்டாதீர்கள், தூள் நுரையீரலுக்குக் கேடு. நனைத்துப் பையில் போட்டுக் கட்டிவைத்துவிடுங்கள்.

ஹெட்டர் மேல் கண்ணாடி இழைப் பட்டை சுற்றச் சொல்வார்கள். சூடு குறையும் என்பது உண்மை. ஆனால் உங்களுடையது சாதாரண இரும்புக் குழாய். எங்கள் ஊர் மூடுபனியில் பட்டை ஈரத்தைப் பிடித்துவைத்துக் குழாயை அரித்துவிடும். முதலில் தகடு மட்டும் போட்டுப் பாருங்கள்.

கோரிமேடு (வெள்ளி, காலை)

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் ஃபியட்டில் பட்ட அனுபவம். பழைய ரப்பர் ஹோஸ் எத்தனாலில் உள்ளுக்குள் ஊறி, கறுப்புத் துகளாக உதிரும். வெளியே பார்த்தால் புதிது போலவே இருக்கும். என்ஜின் ஆறியிருக்கும்போது மிதவை அறையைக் கழற்றி அடியில் மை போல ஏதாவது படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கன்னங்குறிச்சி ஷெட் (அடுத்த ஞாயிறு, இரவு)

கோரிமேடு நண்பர் சொன்னது சரி, விரலில் தொட்டால் கறுப்பு ஒட்டியது. எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்குவதாக மாற்றினேன். கட்டை போட்டேன், இரட்டைத் தகடு போட்டேன். தகட்டை ஹெட்டரின் வளைவுக்கு ஏற்ப வெட்ட மட்டும் மூன்று அட்டை மாதிரிகள் வீணாயின.

லேத் ஐயா சொன்னபடி 500 கிலோமீட்டர் முடித்து, ஹெட்டை இறுக்கி, டேப்பெட் வைத்த பிறகே இன்று கிளம்பினேன். காலை பதினொரு மணி, நல்ல வெயில். 13-வது வளைவு வந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்த கை வியர்த்தது. தாண்டிவிட்டது. 17, 18, 20. ஏரியைச் சுற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். ஒலியைக் கேட்டே பாட்டி வாசலுக்கு வந்துவிட்டார். பானெட் மேல் கை வைத்து, "சுடுகிறதே" என்றார். பிறகு தாத்தா உட்காரும் பக்கத்துக்கு எதிர்ப் பக்கக் கதவைத் திறந்து, அவராகவே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

ஒரு சந்தேகம் மட்டும் மீதம். மேலே வந்ததும் ஐட்லிங் சற்று உருண்டு உருண்டு ஓடுகிறது. பிளக்குகளைக் கழற்றினால் நான்கிலும் மெல்லிய கரி. சேலத்தில் அதே பிளக்குகள் பிஸ்கட் நிறத்தில் இருந்தன.

மேல் தோட்டம், ஏற்காடு (அடுத்த ஞாயிறு, இரவு)

படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. பாட்டிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கரிக்குக் காரணம் உயரம். சேலத்தைவிட இங்கே காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகவே குறைவு. காற்று குறைந்த அளவுக்குப் பெட்ரோல் குறையாததால் கலவை கனத்துவிடுகிறது. இரண்டு நாள் தங்குவதாக இருந்தால், இரண்டு கார்புரேட்டர்களிலும் ஜெட்டின் அடியில் இருக்கும் அறுமுக நட்டை ஒரே ஒரு முகம் மேலே திருப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். எவ்வளவு திருப்பினீர்கள் என்று எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவையுங்கள். இறங்கிப் போனதும், ஓமலூர் சாலையில் வேகம் எடுப்பதற்கு முன் அதைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட வேண்டும். மெலிந்த கலவையில் சமவெளியில் விரட்டினால், நீங்கள் பார்த்துப் பார்த்துப் போட்ட எக்ஸாஸ்ட் வால்வுகள் கருகிவிடும்.

கன்னங்குறிச்சி ஷெட் (திங்கள், காலை)

ஒரு முகம் திருப்பினேன், ஐட்லிங் சீராகிவிட்டது. சீட்டு ஸ்டியரிங்கில் தொங்குகிறது. புதன்கிழமை இறங்குகிறேன்.