'ஐயான்' என்னைப் பிடித்துக்கொண்ட விதம்

டெட் கேன் டான்ஸ் குழுவின் 'ஐயான்' (1990) இசைத்தட்டை நான் வாங்கியது அட்டைப்படத்துக்காகத்தான். குமிழி ஒன்றுக்குள் ஆடையின்றி அமர்ந்திருக்கும் ஓர் ஆணும் பெண்ணும். குமிழியின் மேல் நரம்புகளைப் போல ஓடும் மெல்லிய கோடுகள். மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹீரோனிமஸ் போஷின் பெரிய ஓவியத்திலிருந்து எடுத்த சிறு பகுதி அது.

லிசா ஜெரார்ட், பிரெண்டன் பெர்ரி இருவரும் 1981இல் மெல்போர்னில் தொடங்கிய குழு இது. 1984இல் வந்த முதல் தொகுப்பில் கிதாரும் டிரம்ஸும் முன்னே நின்றன. இருண்ட மனநிலை கொண்ட ராக் இசைக்குத் தரப்படும் 'காதிக்' என்ற முத்திரை அப்போதே விழுந்துவிட்டது. 'ஐயான்' வருவதற்குள் கிதார் பின்வாங்கி, வயோல் போன்ற பழைய ஐரோப்பிய வில் வாத்தியங்கள் வந்துவிட்டன. இருட்டு மட்டும் போகவில்லை.

இரண்டாவதாக வரும் 'சால்டரெல்லோ' 14ஆம் நூற்றாண்டு இத்தாலிய நடன இசை. ஒவ்வொரு பகுதியும் இரண்டு முறை வரும். முதல் முறை முடிவு அந்தரத்தில் நிற்கும். இரண்டாம் முறை அதே மெட்டு இறங்கி வந்து நிலைகொள்ளும். இதைக் கவனித்துக் கேட்கத் தொடங்கிய பிறகு உட்கார்ந்தபடி அதைக் கேட்க முடியவில்லை. இரண்டரை நிமிடங்களில் முடிந்துவிடுகிறதே என்ற ஏக்கம் இன்றும் உண்டு.

ஆனால் என்னை உலுக்கியது 'சிபில்லாவின் பாடல்'. கத்தலான் மொழியில், இறுதித் தீர்ப்பு நாளைப் பற்றி ஒரு தீர்க்கதரிசினி பாடுவது. ஸ்பெயினின் மயோர்க்காத் தீவிலுள்ள தேவாலயங்களில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில், கையில் வாளை நிமிர்த்திப் பிடித்தபடி ஒரு சிறுவன் இதைப் பாடுவது வழக்கம். சில இடங்களில் இப்போது சிறுமிகளும் பாடுகிறார்கள். 2010இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. குழந்தைக் குரலுக்கென்று பழகிப்போன அந்தப் பாடலை ஜெரார்ட் தன் கனத்த, தாழ்ந்த குரலில் எடுக்கிறார். அவசரமே இல்லை. ஒவ்வொரு அசையையும் நீட்டி, அதன் முனையில் ஒரு சிறு கமகம் வைத்து இறக்குகிறார். உலகம் எரியப்போகிறது என்ற சேதியை இவ்வளவு நிதானமாகச் சொல்ல முடியுமா என்று நான் திகைத்துப்போனேன்.

வேறு பல பாடல்களில் அவர் எந்த மொழியையும் சேராத ஒலிகளையே பாடுகிறார். ஆலாபனை கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாகவே தோன்றவில்லை.

பெர்ரி தன் பங்குக்கு 17ஆம் நூற்றாண்டில் மறைந்த ஸ்பானியக் கவி கோங்கோராவின் வரிகளைப் பாடுகிறார்: விதி தரும் பரிசுகள் எந்தக் கணக்குக்கும் கட்டுப்படாது என்பது பொருள். சில பாடல்கள் தள்ளி வருவது 'பிளாக் சன்'. அது அவருடைய சொந்தப் பாடல், காதிக் நிறம் மிகவும் அடர்ந்த இடமும் அதுதான். நடுவே வரும் ஓரிரு சிறு துண்டுகள் வெறும் இணைப்புகளாகவே எனக்குப் படுகின்றன.

கடைசிப் பாடலான 'ராடார்க்' நம்மை ஐரோப்பாவை விட்டு வெளியே, அரபு வாசனை வீசும் தாளத்துக்குள் இழுத்துச் செல்கிறது. பன்னிரண்டு பாடல்கள், மொத்தம் சுமார் 36 நிமிடங்கள். முதல்முறை கேட்பவர்கள் வரிசையை மாற்றாமல் ஒரே மூச்சில் கேளுங்கள். மயோர்க்காவில் அந்தப் பாடலை நேரில் கேட்டவர்கள் இருந்தால், கல் சுவர்களுக்கு நடுவே அது எப்படி ஒலித்தது என்று விரிவாக எழுதுங்கள்.