8 ஆண்டுப் பழைய கேமிங் கணினி: பாகங்களை மாற்றுவதா, புதிதாகவே வாங்குவதா?

நொய்யல்:

வணக்கம். 2018-இல் கோவையில் பாகம் பாகமாக வாங்கிப் பொருத்திய கணினி. நானும் கல்லூரியில் படிக்கும் தம்பியும் மாறி மாறி விளையாடுகிறோம். ரைசன் 5 1600 பிராசஸர், பி350 மதர்போர்டு, 8 ஜி.பி. டி.டி.ஆர்.4 ரேம் (ஒரே துண்டு), ஜி.டி.எக்ஸ். 1060 6 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு. விண்டோஸ் 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில் இருக்கிறது, விளையாட்டுகள் எல்லாம் 1 டி.பி. ஹார்டு டிஸ்க்கில். எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் தரும் பெட்டி) கேபினெட்டோடு சேர்ந்து வந்தது, 450 வாட் என்று ஒட்டியிருக்கிறது. மானிட்டர் 1080பி, 75 ஹெர்ட்ஸ்.

சைபர்பங்க் 2077-இல் நகரத்துக்குள் வண்டி ஓட்டினால் காட்சி நின்று நின்று நகர்கிறது. அறைக்குள் நடந்தால் அவ்வளவு மோசமில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, கனமான விளையாட்டுக்கு நடுவே சில நாள் கணினி பொட்டென்று அணைந்துவிடுகிறது. நீலத் திரைகூட வருவதில்லை. விண்டோஸ் 11-க்கும் தகுதியில்லை என்று செய்தி வருகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதே என்ற கவலை வேறு.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக்கூடத் திறக்காமல், எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்று 90,000 ரூபாய்க்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தார்கள். என்னிடம் இருப்பது 40,000. தம்பி பட்டியலின் பக்கம் நிற்கிறான். அவனுக்கு ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்’ விளையாட வேண்டுமாம். எனக்கோ பட்டியலில் பாதி தேவைதானா என்று சந்தேகம். எதை மாற்றலாம், எதை விடலாம்?

மலைக்கோட்டை:

எட்டு வருடம் உழைத்துவிட்டது, விட்டுவிடுங்கள். பழைய பெட்டியில் ஒன்றை மாற்றினால் அடுத்தது போதாமல் போகும். பிராசஸர் மாற்றினால் கார்டு போதாது, கார்டு மாற்றினால் எஸ்.எம்.பி.எஸ். போதாது. இன்னும் ஆறு மாதம் சேர்த்து ஏஎம்5 மேடைக்கு (ஏஎம்டி பிராசஸர் உட்காரும் புது வகைச் சாக்கெட்டுள்ள போர்டுக்கு) போய்விட்டால் பிற்பாடு பிராசஸரை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம். இப்போது பழையதில் போடும் 40,000-ஐத் திரும்ப எடுக்க முடியாது.

செம்புக்கம்பி:

என்ன கோளாறு என்று தெரிவதற்கு முன்பே சிகிச்சையா? அந்தப் பட்டியலைக் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள் நொய்யல்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடலாம். சைபர்பங்கின் 2.0 பதிப்பு 2023-இல் வந்தபோது குறைந்தபட்சத் தேவையை மாற்றி எழுதினார்கள். அதில் பிராசஸர் ரைசன் 5 1600, கார்டு ஜி.டி.எக்ஸ். 1060 6 ஜி.பி. அப்படியே உங்கள் பெட்டிதான். ஆனால் ரேம் 12 ஜி.பி., எஸ்.எஸ்.டி. கட்டாயம். உங்களிடம் 8 ஜி.பி.யும் ஹார்டு டிஸ்க்கும். கடைக்காரர் பழசு என்று கைகாட்டிய இரண்டும் தேறுகின்றன. பட்டியலில் கடைசி வரியில் எழுதியிருப்பாரே, அந்த இரண்டும்தான் தேறவில்லை.

உறுதி செய்துகொள்ள மூன்று தகவல் வேண்டும். எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, பதிவைக் கோப்பில் எழுதும்படி வைத்துவிட்டு விளையாடுங்கள். கணினி அணைந்தாலும் அதற்கு முந்தைய நொடிவரை வெப்பநிலை கோப்பில் இருக்கும். அடுத்து, அதே தெருவில் 1080பி-யிலும் 720பி-யிலும் ஒவ்வொரு முறை வண்டி ஓட்டிப் பாருங்கள். காட்சியின் அளவைக் குறைத்தும் வேகம் ஏறவில்லை என்றால் குற்றவாளி கிராபிக்ஸ் கார்டு அல்ல. கடைசியாக, எஸ்.எம்.பி.எஸ். பக்கவாட்டில் ஒட்டிய அட்டவணையில் +12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து எழுதுங்கள். 450 என்ற பெரிய எண்ணை நம்ப வேண்டாம்.

உப்பளம்:

மலைக்கோட்டை சொல்வது உங்கள் பி350 போன்ற ஏஎம்4 போர்டுக்குப் பொருந்தாது. பழைய கணினியைத் தேற்ற முடியுமா என்பதை முடிவு செய்வது அதன் வயதல்ல, அதன் மதர்போர்டு இன்னும் எந்தப் பிராசஸரை ஏற்கும் என்பதுதான். 2017-இல் வந்த பி350 போர்டுகளில் ரைசன் 5000 வரிசை ஓடாது என்றுதான் ஏஎம்டி முதலில் சொல்லிக்கொண்டிருந்தது. 2022-இல் மனம் மாறி அனுமதித்துவிட்டது. பயாஸை (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருளை) புதுப்பித்தால் அதே போர்டில் ரைசன் 5 5600 உட்காரும். பழையதும் 65 வாட், புதியதும் 65 வாட், ஆகையால் போர்டுக்குக் கூடுதல் பாரமும் இல்லை. ஆறு கோர் இருந்த இடத்தில் அதே ஆறு கோர்தான், ஆனால் நடுவில் மூன்று தலைமுறை வடிவமைப்பு முன்னேறியிருக்கிறது. விண்டோஸ் 11 இந்தப் பிராசஸரை முறைப்படி ஏற்கிறது. உங்கள் 1600-ஐ ஏற்காது.

ஏஎம்5-க்குப் போனால் டி.டி.ஆர்.5 ரேம் மட்டுமே. 2025-இன் கடைசியிலிருந்து ரேம் விலை இருக்கும் இருப்பில் அதை யாருக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போகின்றன, மிச்சம்தான் நமக்கு. டி.டி.ஆர்.4-உம் ஏறித்தான் இருக்கிறது, ஆனால் உங்களிடம் ஏற்கனவே 8 ஜி.பி. இருக்கிறதே.

மலைக்கோட்டை:

ரேம் விலை விஷயத்தில் மறுப்பில்லை. ஆனால் ஏஎம்4 அதோடு முடிந்த மேடை. 5600 போட்ட பிறகு அதற்கு மேல் ஏறப் படி அதிகம் கிடையாது. தம்பி இன்னும் நான்கு வருடம் இதே பெட்டியில் புது விளையாட்டுகளை எதிர்பார்த்தால் ஏமாறுவான்.

நொய்யல்:

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி பார்த்துவிட்டேன்.

விளையாடிக்கொண்டிருக்கும்போதே ஒரு முறை அணைந்தது. கோப்பின் கடைசி வரியில் பிராசஸர் 71 டிகிரி, கார்டு 76 டிகிரி. நகரத்துக்குள் ஓட்டும்போது 1080பி, 720பி இரண்டிலும் ஒரே திணறல், ரேம் 7.8 ஜி.பி. வரை நிரம்பியிருக்கிறது, ஹார்டு டிஸ்க் 100 விழுக்காட்டில் நிற்கிறது. அறைக்குள் இருக்கும்போது மட்டும் கார்டு 99 விழுக்காடு. எஸ்.எம்.பி.எஸ். அட்டவணையில் +12 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் என்று இருக்கிறது.

செம்புக்கம்பி:

அந்தக் கடைசி எண்ணுக்காகத்தான் காத்திருந்தேன். 12-ஐ 20-ஆல் பெருக்குங்கள்: 240 வாட். கார்டும் பிராசஸரும் மின்சாரம் எடுப்பது அந்த 12 வோல்ட் கம்பியிலிருந்துதான். உறையில் 450 என்று போட்டவர் மற்ற வோல்ட்டுகளையும் சேர்த்துக் கூட்டிக் காட்டியிருக்கிறார். 1060 கார்டுக்கு 120 வாட். 1600 பிராசஸர் பெயருக்கு 65 என்றாலும் முழு வேகத்தில் 88 வரை எடுக்க அனுமதி உண்டு. ஆகப் 208. ஹார்டு டிஸ்க், விசிறிகளைச் சேர்த்தால் விளிம்பில் நிற்கிறது. எட்டு ஆண்டில் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளும் தளர்ந்திருக்கும். கார்டு ஒரு நொடி கூடுதலாக இழுத்தால் போதும், எஸ்.எம்.பி.எஸ். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. 71 டிகிரியில் ரைசன் அணையாது; அதன் வரம்பு 95. ஆகவே வெப்பம் காரணமில்லை. தூசு தட்டுவதும் புது தெர்மல் பேஸ்ட்டும் நல்லவைதான், ஆனால் இந்த நோய்க்கு மருந்து அவை அல்ல.

திணறலுக்குக் காரணம் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். ரேம் நிரம்புகிறது, விண்டோஸ் மிச்சத்தை வட்டில் கொட்டுகிறது, அதே நேரம் விளையாட்டு அடுத்த தெருவை ஹார்டு டிஸ்க்கிலிருந்து வாசிக்கிறது. ஊர்வலம் போகும் தெருவில் ஆம்புலன்ஸ் நுழைந்த கதை. இதற்கு ஒரு லட்ச ரூபாய் கார்டு போட்டாலும் தீராது.

முதலில் எஸ்.எம்.பி.எஸ். 550 வாட், 80 பிளஸ் வெண்கலத் தர (Bronze) மின்திறன் சான்றுள்ளது, பெயர் தெரிந்த நிறுவனத்தில் புதிதாக வாங்குங்கள். இதை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்காதீர்கள். பழுதானால் தன்னோடு மற்றதையும் கொண்டுபோகும். ரேம் அப்படியல்ல, பழையதாகவே வாங்கலாம். மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டிப் பிழை இல்லையென்றால் அது பல வருடம் ஓடும். இருக்கும் துண்டின் அதே வேகத்தில் இன்னொரு 8 ஜி.பி. பார்த்துப் போட்டால் இரட்டைச் சேனலும் (இரண்டு துண்டையும் ஒரே நேரத்தில் வாசிப்பது) கிடைக்கும். ரைசனுக்கு அது தெளிவாகத் தெரியும் வித்தியாசம். போர்டில் நான்கு இடம் இருந்தால் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகுங்கள். பிறகு 1 டி.பி. எஸ்.எஸ்.டி. இவை மூன்றும் முடிந்த பிறகு பிராசஸரைப் பற்றிப் பேசலாம்.

பழைய பேட்டை:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என்னுடையதும் அதே காலத்துக் கணினிதான், ஐ5-7400, பி250 போர்டு, 16 ஜி.பி. டி.டி.ஆர்.4. எனக்கும் இதே வழியா?

உப்பளம்:

இல்லை, உங்களுக்கு நேர் எதிர் வழி. அந்தப் போர்டில் ஏறக்கூடிய உயரம் ஐ7-7700-உடன் முடிந்தது. எட்டாம் தலைமுறையும் 1151 சாக்கெட்டில்தான் உட்காரும், ஆனால் உங்கள் போர்டில் இயங்காது. இன்டெல் செய்த அந்த வேலையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அதனால்தான் பழைய 7700 இன்றும் தகுதிக்கு மீறிய விலையில் விற்கிறது. அதை வாங்கினாலும் நான்கு கோர்தான். விண்டோஸ் 11 பட்டியலிலும் அது இல்லை. போர்டு, பிராசஸர் இரண்டையும் மாற்றுங்கள். ஆனால் டி.டி.ஆர்.4 ஏற்கும் போர்டாகப் பார்த்தால் உங்கள் 16 ஜி.பி. ரேம் தப்பிக்கும்: பி550-உம் ரைசன் 5600-உம், இல்லையென்றால் டி.டி.ஆர்.4 வகை பி660-உம் ஐ5-12400எஃப்-உம். இந்த இரண்டு பிராசஸரிலுமே காட்சி வெளியீடு கிடையாது, தனிக் கார்டு இருந்தே ஆக வேண்டும்.

நொய்யல்:

கார்டு விஷயத்தில் ஒரு கேள்வி. 1060 இனி எத்தனை நாள்? மலிவாக ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. புதிதாகக் கிடைக்கிறது என்கிறார்கள். இன்டெல் ஆர்க் பி580 பற்றியும் தம்பி சொல்கிறான், 12 ஜி.பி. நினைவகம் என்று.

உப்பளம்:

1060-க்கு 2025 அக்டோபரோடு என்விடியா புது விளையாட்டுகளுக்கான டிரைவர்களை நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். இப்போது விளையாடுவது ஓடும். தம்பி கேட்கும் இந்தியானா ஜோன்ஸ் தொடங்கவே தொடங்காது, ஏனென்றால் அது கார்டிலேயே ரே டிரேசிங் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டுக் காட்சி வரைவது) வன்பொருளைக் கட்டாயமாகக் கேட்கிறது. 1060-இல் அது கிடையாது.

6500 எக்ஸ்.டி. பக்கமே போகாதீர்கள். அதற்கு பி.சி.ஐ. இணைப்பில் (கார்டு போர்டோடு பேசும் வழியில்) நான்கு பாதைதான். பி.சி.ஐ. 4.0 போர்டில் எப்படியோ சமாளிக்கும். உங்கள் பி350 பி.சி.ஐ. 3.0 போர்டு, பாதி அகலமே கிடைக்கும், அதுவும் 4 ஜி.பி. நினைவகத்தோடு. சில விளையாட்டுகளில் பழைய 1060-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆர்க் பி580 நல்ல கார்டுதான், ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசஸர் ஒரே வீச்சில் அணுகும் வசதி) இல்லாமல் அது சோம்பிவிடும், பழைய பிராசஸரோடு சேர்ந்தால் டிரைவரின் பாரத்தால் வேகம் இறங்கும். 1600 இருக்கும்வரை வேண்டாம்.

உங்களுக்கு ஆர்.எக்ஸ். 6600 போதும். 8 ஜி.பி., எட்டுப் பாதை, 132 வாட். தம்பியின் விளையாட்டுக்குச் சொல்லப்பட்ட குறைந்தபட்சக் கார்டும் அதுவே.

மலைக்கோட்டை:

பழைய 6600 வாங்கினால் கிரிப்டோ நாணயச் சுரங்கத்தில் இரவு பகலாக ஓடியதாக இருக்கலாம், பார்த்து. விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கனமான விளையாட்டை ஓட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளியோ கோடோ தெரிந்தாலும், விசிறி கரகரத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். வாரண்டிக்குச் சில நிறுவனங்கள் வரிசை எண்ணை மட்டும் பார்க்கும், சில நிறுவனங்கள் பில்லையும் கேட்கும்.

நொய்யல்:

எஸ்.எம்.பி.எஸ்., பழைய 8 ஜி.பி. ரேம் ஒன்று, 1 டி.பி. எஸ்.எஸ்.டி. மூன்றும் போட்டாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு முறைகூட அணையவில்லை. நகரத்துக்குள் வண்டி ஓட்டினால் திணறல் இல்லை. நடுத்தர அமைப்பில் வேகம் நொடிக்கு 40 ஃபிரேமுக்கு அக்கம்பக்கம்தான், ஆனால் சீராக இருக்கிறது. எனக்கு இதுவே போதும் என்று தோன்றுகிறது. தம்பிக்குப் போதாது. கையில் மிச்சமிருப்பதில் 5600 வாங்கப்போகிறேன். கார்டு தீபாவளி போனஸில். பயாஸ் மாற்றுவதுதான் பயமாக இருக்கிறது.

செம்புக்கம்பி:

எஸ்.எம்.பி.எஸ். மாற்றிய பிறகு கேட்டீர்களே, நல்லது. திடீரென்று அணையும் கணினியில் பயாஸில் கை வைத்தால் போர்டே செத்துவிடக்கூடும்.

போர்டின் முழுப் பெயரையும் அதன் மேல் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்ணையும் பார்த்து, தயாரிப்பாளரின் பிராசஸர் பட்டியலில் 5600-க்கு எந்தப் பயாஸ் என்று முதலில் உறுதி செய்யுங்கள். பட்டியலில் இல்லையென்றால் வாங்காதீர்கள். சில போர்டுகளில் நடுவே ஒரு பதிப்பை ஏற்றிவிட்டுத்தான் கடைசிப் பதிப்புக்குப் போக முடியும். அந்தக் குறிப்பையும் படியுங்கள். ஃபேட்32 வடிவில் பென் டிரைவ், பழைய பிராசஸர் இருக்கும்போதே புதுப்பிப்பு, கணினி யு.பி.எஸ்.ஸில். விண்டோஸுக்குள்ளிருந்து செய்யாதீர்கள், பயாஸ் திரையிலிருந்தே செய்யுங்கள்.

அடுத்தது பிராசஸரைக் கழற்றுவது. ஏஎம்4-இல் ஊசிகள் பிராசஸரின் அடியில் இருக்கின்றன. எட்டு வருடப் பேஸ்ட் இறுகியிருக்கும், ஹீட்சிங்கை (பிராசஸரின் மேல் இருக்கும் குளிர்விப்பானை) நேராகத் தூக்கினால் பிராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். கொஞ்ச நேரம் விளையாடிச் சூடேற்றுங்கள். பிறகு அணைத்து, மின்கம்பியைக் கழற்றி, ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டதும் எடுங்கள்.

புதியதைப் பொருத்தி முதல்முறை இயக்கும்போது பிராசஸர் மாறிவிட்டது, எஃப்.டி.பி.எம்.-ஐ (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) அழிக்கலாமா என்று கறுப்புத் திரையில் ஒரு கேள்வி வரலாம். வட்டை பிட்லாக்கரில் (விண்டோஸின் வட்டுப் பூட்டு) பூட்டியிருந்தால் மீட்புக் குறியீட்டை முன்பே எழுதி வைத்துக்கொண்டு சம்மதியுங்கள். 2018-இல் நிறுவிய விண்டோஸ் என்றால் வட்டு எம்.பி.ஆர். என்ற பழைய பிரிவு வடிவில் இருக்க வாய்ப்புண்டு. அப்படி இருந்தால் முக்கியமான கோப்புகளைப் படியெடுத்துவிட்டு, விண்டோஸோடு வரும் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. கருவியால் மாற்றி, அதன்பிறகே பயாஸில் சி.எஸ்.எம்.-ஐ (பழைய முறையில் தொடங்க உதவும் அமைப்பு) அணைத்து செக்யூர் பூட்டை (சான்றுள்ள மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் அமைப்பு) போடுங்கள். வரிசை மாறினால் விண்டோஸ் ஏறாது. ஒன்றும் கெட்டுவிடவில்லை, சி.எஸ்.எம்.-ஐத் திரும்பப் போட்டால் வந்துவிடும்.