ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல்: ஹீட் முள் ஏறவே மாட்டேங்குது, தெர்மோஸ்டாட்டும் கூலன்ட்டும் சேர்த்தே மாத்திடலாமா?

பேரூர்க்காரன்:
வணக்கம்ங்க. வண்டி 2008 ஸ்விஃப்ட், 1.3 ஜி13 பெட்ரோல் இன்ஜின், செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது. எவ்வளவு தூரம் ஓட்டினாலும் ஹீட் முள் கால்வாசிக்கு மேல ஏறாது. சிக்னல்ல நின்னா கொஞ்சம் ஏறும், பைபாஸ்ல 80ல போனா திரும்ப இறங்கிடும். கோத்தகிரி இறக்கத்துல கிட்டத்தட்ட 'சி' கோட்டுக்கே வந்துடுது. ஹீட்டர் போட்டா காத்து வெதுவெதுப்பாத்தான் வருது. மைலேஜ் 15 கொடுத்த வண்டி இப்ப 12தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்தா உள்ளே காபி டிகாக்ஷன் கலர்.

பக்கத்து ஒர்க்‌ஷாப்ல "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட்டே தேவையில்லைங்க, கூலா ஓடினா நல்லதுதானே"ங்கறாங்க. அது சரியா? நானே மாத்தணும்னா என்னென்ன வாங்கணும், எங்க சொதப்பும்?

ஸ்பேனர்செட்:
முதல்ல தெர்மோஸ்டாட்தானான்னு உறுதி பண்ணிக்கங்க. இன்ஜின் சூடாகிற வரைக்கும் தண்ணி ரேடியேட்டருக்குப் போகாம அடைச்சு வைக்கிற வால்வுதான் அது. ராத்திரி முழுக்க நின்ன வண்டியைக் காலைல ஏ.சி. போடாம ஸ்டார்ட் பண்ணி, ரேடியேட்டரோட மேல் ஹோஸ்ல கை வைங்க. தெர்மோஸ்டாட் நல்லா இருந்தா இன்ஜின் சூடாகிற வரைக்கும் ஹோஸ் சில்லுன்னே இருக்கும். வால்வு திறந்ததும் திடீர்னு கை வைக்க முடியாத சூடு வரும். ஸ்டார்ட் பண்ணதுலருந்தே ஹோஸ் மெதுமெதுவா சூடேறிட்டு வந்தா வால்வு திறந்தபடி மாட்டிக்கிச்சு, இல்ல உள்ள தெர்மோஸ்டாட்டே கிடையாது. செகண்ட் ஹேண்ட் வண்டியில ரெண்டாவதுக்கும் வாய்ப்பு நிறைய.

ஃபேனையும் பாருங்க. ஆறின இன்ஜின், ஏ.சி. ஆஃப், அப்பவும் ரேடியேட்டர் ஃபேன் ஓடிட்டே இருந்தா ரிலே ஒட்டிக்கிச்சு, இல்ல டெம்பரேச்சர் சென்சர் ஒயர் விட்டுப்போச்சுன்னு அர்த்தம். சென்சர் சிக்னல் வரலைன்னா பாதுகாப்புக்காக இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) ஃபேனை ஓட விட்டுடும். சென்சர் கெட்டா முள் பொய் சொல்லலாம். ஆனா உங்களுக்கு ஹீட்டர் காத்தும் சூடா இல்லை, ஹீட்டருக்கும் சென்சருக்கும் சம்பந்தமே கிடையாது. அதனால தண்ணியே சூடாகலைன்னுதான் எனக்குத் தோணுது. ரேடியேட்டர்ல தண்ணி குறைஞ்சிருந்தாலும் ஹீட்டர் சூடாகாது, மட்டத்தையும் பார்த்துக்கங்க.

மலையேறி:
"கூலா ஓடினா நல்லது"ங்கறது கார்புரேட்டர் காலத்துலயே தப்பு, இன்ஜெக்‌ஷன் வண்டியில பெட்ரோலுக்கே வேட்டு. தண்ணி சூடாகாத வரைக்கும் இசியு இன்ஜின் இன்னும் குளிர்ச்சியா இருக்குன்னு நினைச்சு பெட்ரோலை அதிகமா விடும். உங்க மைலேஜ் போன வழி அது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஆயிலைக் கழுவிட்டு சம்ப்புக்கு (அடியில ஆயில் நிக்கிற தொட்டி) இறங்கும். ஆயில் போதுமான சூடு ஏறாததால அதுல சேர்ற ஈரமும் ஆவியா போகாது. ஆயில் மூடிக்கு அடியில வெண்ணெய் மாதிரி படிஞ்சிருக்கான்னு பாருங்க. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் தேயறது இப்படித்தான்.

வெளியே 38 டிகிரி வெயில் அடிச்சாலும் தெர்மோஸ்டாட் வேண்டாம்னு ஆகிடாது. இந்த இன்ஜினுக்கு 82 டிகிரியில திறக்க ஆரம்பிக்கிறது, 88ல திறக்க ஆரம்பிக்கிறதுன்னு ரெண்டு வகை உண்டு. வால்வுலயே நம்பர் குத்தியிருக்கும். 82 போட்டது 95லயும், 88 போட்டது 100லயும் முழுசா திறந்து, குறைஞ்சது 8 மில்லிமீட்டர் நகர்ந்திருக்கணும். எந்த நம்பர் இருக்கோ அதையே வாங்குங்க. உள்ள ஒண்ணுமே இல்லைன்னா இன்ஜின் நம்பரைக் காட்டி ஒரிஜினல் பார்ட் கேளுங்க. டிராஃபிக்ல சூடு ஏறுதுன்னு கம்மி டிகிரி போடறதுல பயனில்லை. திறந்ததுக்கு அப்புறம் ஆத்த வேண்டியது ரேடியேட்டரும் ஃபேனும்தான்.

புதுசை மாட்டறதுக்கு முன்னாடி சோதிச்சுடுங்க. வால்வு இடுக்குல ஒரு நூலைக் கடிக்க வச்சு, பாத்திரத் தண்ணியில தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோட மெதுவா சூடேத்துங்க. வால்வு திறக்கிற நேரம் நூல் நழுவி தெர்மோஸ்டாட் கீழே விழும், அந்த டிகிரியைக் குறிச்சுக்கங்க. பாத்திரத்தோட அடியில மட்டும் படாம இருக்கட்டும், அங்க சூடு அதிகம்.

ஸ்பேனர்செட்:
வாங்க வேண்டியது: தெர்மோஸ்டாட், அதோட கேஸ்கெட், ரேடியேட்டர் மூடி, கூலன்ட், பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்ட் வாட்டர் 5 லிட்டர் கேன் மூணு, நாலு. மூடியைத் தனியா சொல்றேன், ஏன்னா எல்லாரும் விட்டுடறது அதைத்தான். பழைய மூடியில அழுத்தத்துக்கு என்ன எண் போட்டிருக்கோ அதே எண்ணுல வாங்குங்க. அந்த அழுத்தம்தான் கொதிநிலையை உயர்த்துது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்க சாதாத் தண்ணி 93 டிகிரிக்குள்ளயே கொதிச்சிடும். மூடியோட ரப்பர் போய் அழுத்தம் நிக்காத வண்டி மேல ஏறும்போது பொங்கறதுக்கு இதுதான் காரணம். மூடி நடுவுல இருக்கிற சின்ன வால்வு ஒட்டிக்கிட்டா, வண்டி ஆறும்போது ரிசர்வ் டப்பாவிலிருந்து தண்ணி திரும்ப வராம மேல் ஹோஸ் சப்பிப் போகும்.

வேலைக்கு வருவோம். இன்ஜின் முழுசா ஆறினதுக்கு அப்புறம்தான் மூடியைத் தொடணும். ரேடியேட்டர் அடியில இருக்கிற பிளாஸ்டிக் பிளக்கைக் கையாலயே திருகுங்க, பிளையர் போட்டா பழைய பிளக் உடைஞ்சு வரும். அடியில பக்கெட் வச்சு வர்றதை அளந்துக்கங்க, அந்த அளவு பின்னாடி தேவைப்படும். ரிசர்வ் டப்பாவைக் கழட்டிக் கழுவிடுங்க, துருச்சேறு முழுக்க அடியிலதான் படிஞ்சிருக்கும்.

மேல் ஹோஸ் இன்ஜின் பக்கம் எங்க போய் முடியுதோ அந்த அலுமினிய மூடிக்குள்ளதான் தெர்மோஸ்டாட். ஹோஸ் ஒட்டிக்கிட்டு வரலைன்னா ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க. கையால முறுக்கி விடுங்க. ரேடியேட்டர் பக்கத்துக் குழாய் பிளாஸ்டிக், பத்து வருஷம் கழிச்சு அது பிஸ்கட் மாதிரி உடையும்.

அந்த அலுமினிய மூடியோட போல்ட்தான் இந்த வேலையில உண்மையான ஆபத்து. இரும்பு போல்ட், அலுமினிய ஓட்டை, வருஷக்கணக்கா தண்ணிக் கசிவு. துரு எண்ணெய் அடிச்சு முதல் நாள் ராத்திரியே ஊற விடுங்க. கழட்டும்போது கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, முன்னும் பின்னுமா வாங்க. ஒரே மூச்சுல இழுத்தா தலை துண்டிச்சுக்கும். அப்புறம் லேத்துக்குத்தான் போகணும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்ட பிளாஸ்டிக் பட்டை போதும், பிளேடு போட்டா அலுமினியத்துல கோடு விழுந்து அதுவழியா கசியும்.

ஸ்பிரிங் இன்ஜின் பக்கம் பார்க்கணும். விளிம்புல ஆடுற சின்ன ஆணி மாதிரி ஒண்ணு இருக்கும், அது மேல் பக்கம் வரணும். காத்து தப்பிக்கிற வழி அதுதான். தெர்மோஸ்டாட் பள்ளத்துல சரியா உட்கார்ந்துச்சான்னு விரலால தடவிப் பார்த்துட்டு மூடியை வைங்க. சாய்ஞ்சிருக்கும்போது போல்ட்டை இறுக்கினா மூடியோட காது விரிசல் விடும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி இறுக்குங்க. 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் தாராளம். கேஸ்கெட் போட்டா சிலிகான் பேஸ்ட் வேண்டாம். பிதுங்கி உள்ள விழுந்தது நேரா ரேடியேட்டர் குழாயை அடைக்கும்.

பேரூர்க்காரன்:
நன்றிங்கண்ணா. ஃப்ளஷ் எப்படிப் பண்றது? சிறுவாணித் தண்ணி ஊத்தலாமா? கடைக்காரர் "அப்படியே ஊத்தலாம்"னு ரெடிமிக்ஸ் கூலன்ட் 3 லிட்டர் கொடுத்திருக்கார், அது போதுமா? இன்னொருத்தர், தெர்மோஸ்டாட் இல்லைன்னா தண்ணி வேகமா ஓடி ரேடியேட்டர்ல ஆறாது, அதனாலதான் தேவைங்கறார்.

மலையேறி:
கடைசிக் கேள்வி முதல்ல. தெர்மோஸ்டாட் வேணும்ங்கறது சரி, அவர் சொன்ன காரணம் தப்பு. வேகமா ஓடினா ஒவ்வொரு சுத்துக்கும் குறைவா ஆறும், ஆனா சுத்து அதிகம். மொத்தத்துல வெளியேறுற சூடு குறையாது. அப்படிக் குறையும்னா உங்க முள் ஏறியிருக்கணுமே, இறங்குறது ஏன்? சில இன்ஜின்ல மட்டும் தெர்மோஸ்டாட்டோட அடித்தட்டு பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாம தண்ணி திரும்புற வழி) அடைக்கும். அந்த மாதிரி இன்ஜின்ல அதைக் கழட்டினா பாதித் தண்ணி ரேடியேட்டருக்கே போகாம சுத்தி, வண்டி சூடாகும். அது வேற கதை.

சிறுவாணி குடிக்கத்தான் அருமை, ரேடியேட்டருக்கு வேண்டாம். மென்மையான தண்ணின்னாலும் அதுல குளோரின் இருக்கு. போர் தண்ணின்னா பேச்சே இல்லை, உப்பு படிஞ்சு ரேடியேட்டர் குழாயும் ஹீட்டர் குழாயும் அடைச்சுக்கும். கடைசியா நிக்கப்போற தண்ணி டிஸ்டில்டா இருக்கணும்.

ஃப்ளஷ்: பழைய தெர்மோஸ்டாட் இருந்தா அதையே வச்சோ, இல்லைன்னா வெறும் அலுமினிய மூடியை மாட்டியோ டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி, ஹீட்டரை முழுச் சூட்டுல திருப்பி வச்சு, ஹோஸ் சூடாகிற வரைக்கும் ஓட்டி, முழுக்க ஆற விட்டு இறக்குங்க. தெளிஞ்சு வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப. இந்த இன்ஜின் பிளாக் அலுமினியம்தான், ஆனா லைனர் இரும்பு, குழாய்கள் இரும்பு, காபிக் கலர் அங்கருந்துதான். கலர் பால் விட்ட டீ மாதிரி வழவழன்னு இருந்தா ஆயில் கலந்திருக்கு, ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்காம மேல போகாதீங்க. கழிப்பறை கழுவுற ஆசிட்டை ரேடியேட்டர்ல ஊத்தச் சொல்ற ஆட்கள் இருக்காங்க. அது அலுமினியத்தைத் தின்னுடும். ஓட்டைக்கு மஞ்சள்தூள் போடற வைத்தியமும் நம்ம ஊர்ல உண்டு. முந்தின ஓனர் போட்டிருந்தா இன்னும் ரெண்டு தடவை கூட அலசணும்.

இப்ப ரெடிமிக்ஸ். ரேடியேட்டர் பிளக் வழியா மொத்தமும் வராது, இன்ஜினுக்குள்ளயும் ஹீட்டர்லயும் தங்கிடும். உதாரணத்துக்கு மொத்தக் கொள்ளளவு 4.5 லிட்டர், இறங்கறது 2.5ன்னு வச்சுக்கங்க. ஃப்ளஷ்ஷுக்கு அப்புறம் உள்ள 2 லிட்டர் வெறும் தண்ணி நிக்குது. அது மேல 2.5 லிட்டர் ரெடிமிக்ஸ் ஊத்தினா அதுல பாதி தண்ணி, கிளைக்கால் (கூலன்ட்டோட மூலப்பொருள்) 1.25 லிட்டர்தான், மொத்தத்துல 28 சதவீதம். பாதிக்குப் பாதின்னு நினைச்சுக்கிட்டு ஓட்டுவீங்க. அதனால கான்சன்ட்ரேட் (தண்ணி கலக்காத கூலன்ட்) வாங்கி 2.25 லிட்டர் முதல்ல ஊத்திட்டு, மீதி கால் லிட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டர் விடுங்க. சரியான கொள்ளளவை மேனுவல்ல பார்த்து இதே கணக்கைப் போட்டுக்கங்க. ரெடிமிக்ஸ் கேன் வீணாகாது, ரிசர்வ் டப்பாவுக்கு வச்சுக்கலாம், ரெண்டும் ஒரே பிராண்ட், ஒரே வகையா இருந்தா.

நம்ம ஊர்ல உறையாம இருக்கிறதுக்காக கூலன்ட் இல்லை, துருத் தடுப்புக்காகத்தான். ரொம்ப நீர்த்துப்போனா அந்த மருந்தும் போதாது. அதுக்காக 60 சதவீதத்துக்கு மேலயும் போகாதீங்க, கிளைக்கால் தண்ணி அளவுக்குச் சூட்டைத் தூக்காது. கலரை வச்சு வாங்காதீங்க. பச்சை, நீலம், சிவப்புக்கு எந்தப் பொது விதியும் கிடையாது. டப்பாவுல ஐஎஸ் 5759 அல்லது ஜேஐஎஸ் கே 2234 போட்டிருக்கான்னு பாருங்க.

ஸ்பேனர்செட்:
காத்து எடுக்கறதை அவசரப்படுத்தாதீங்க, பாதிப் பேர் வேலை முடிஞ்சதும் ஓவர்ஹீட் ஆகி மாட்டிக்கிறது இங்கதான். வண்டி மூக்கு மேல இருக்கிற மாதிரி சரிவுல நிறுத்துங்க. ஹீட்டர் முழுச் சூட்டுல. மூடி இல்லாம மெதுவா ஊத்தி, மேல் ஹோஸை நடுநடுவுல அமுக்கி விடுங்க, குமிழி வரும். ஐடில்ல ஓட விட்டா முதல்ல மட்டம் அப்படியே நிக்கும், தெர்மோஸ்டாட் திறந்ததும் சட்டுன்னு இறங்கும், உடனே நிரப்புங்க. கொஞ்சம் வழியும், முகத்தைத் தள்ளி வைங்க. ஃபேன் ரெண்டு தடவை ஓடி நின்னதும் நிரப்பி மூடியைப் போட்டு, ரிசர்வ் டப்பாவை ரெண்டு கோட்டுக்கும் நடுவுல வைங்க.

அடுத்த நாள் காலைல ஆறின வண்டியில மூடியைத் திறந்து மட்டம் பாருங்க. கொஞ்சம் குறைஞ்சிருக்கும், நிரப்பிடுங்க. டேஷ்போர்டுக்குப் பின்னாடி தண்ணி ஓடற சத்தம் கேட்டாலோ, முள் எகிறி எகிறி இறங்கினாலோ, நின்னுட்டிருக்கும்போது ஹீட்டர் காத்து சில்லுன்னு மாறினாலோ இன்னும் காத்து இருக்கு. மலைக்குப் போறதை அதுவரைக்கும் தள்ளிப் போடுங்க.

பக்கெட்ல இறக்கின பழைய கூலன்ட்டைத் திறந்து வைக்காதீங்க. எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும், நாய் குடிச்சா கிட்னி போய்டும். கேன்ல ஊத்தி மூடி, பழைய ஆயில் எடுக்கிற ஒர்க்‌ஷாப்ல கேட்டுப் பாருங்க.

பேரூர்க்காரன்:
ஹோஸ் டெஸ்ட் பண்ணேங்க, ஸ்டார்ட் பண்ணதுலருந்தே மெதுவா சூடேறுது. மூடியைக் கழட்டினா உள்ள வெறும் ஓட்டைதான், தெர்மோஸ்டாட்டே இல்லை. கேஸ்கெட் இருக்க வேண்டிய இடத்துல சிலிகான் அப்பியிருக்கு.

மலையேறி:
அப்ப அந்த சிலிகான் உள்பக்கம் பிதுங்கித் தொங்குதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இருந்தா கிடுக்கியால எடுத்துட்டு, ஃப்ளஷ்ஷுக்கு முன்னாடி மேல் ஹோஸைக் கழட்டி ரேடியேட்டரைத் தனியா, கீழிருந்து மேல தண்ணி விட்டுக் கழுவுங்க. குழாய் வாயில ஒட்டியிருக்கிற துண்டெல்லாம் அப்பத்தான் வெளியே வரும்.